காத்திருக்கும் டிராம்போன்கள்

பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியை மேடையில் வாசிப்பதைப் பார்க்க நேர்ந்தால், டிராம்போன் என்ற பித்தளை ஊதுகருவியை வைத்திருக்கும் மூன்று பேரைக் கவனியுங்கள். இந்தச் சிம்பொனிக்கு நான்கு பகுதிகள், ஒவ்வொன்றையும் மூவ்மென்ட் என்பார்கள். முதல் மூவ்மென்ட் முடியும், அவர்கள் ஊத மாட்டார்கள். இரண்டாவது முடியும், அப்போதும் சும்மாதான் இருப்பார்கள். மூன்றாவதிலும் அப்படியே. ஏறத்தாழ இருபது நிமிடம் கருவியோடு உட்கார்ந்திருந்துவிட்டு, நான்காவது மூவ்மென்ட் வெடித்துக் கிளம்பும் அந்த நொடியில்தான் வாயில் வைப்பார்கள். பிக்கலோ என்ற குட்டிப் புல்லாங்குழலும் கான்ட்ரா பசூன் என்ற அடிக்குரல் ஊதுகருவியும் அதுவரை மௌனம்தான்.

1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவில், கடுங்குளிரில், நான்கு மணி நேரம் நீண்ட ஒரு கச்சேரியில் இந்தச் சிம்பொனி முதன்முதலாக வாசிக்கப்பட்டது. அதே ஆண்டு ஒரு பிரபுவுக்கு எழுதிய கடிதத்தில், கடைசிப் பகுதியில் மூன்று டிராம்போன்களும் பிக்கலோவும் வரப்போவதை பீத்தோவன் பெருமையோடு குறிப்பிடுகிறார். ஒரு புதிய ஒலியைக் கையில் வைத்துக்கொண்டே, அதை அவ்வளவு நேரம் நமக்குத் தராமல் இருப்பது பெரிய துணிச்சல். பாட்டுவரி இல்லை, காட்சி இல்லை, ஆனாலும் அரை மணி நேரத்துக்கு மேல் ஒருவரைக் கட்டிப்போட வேண்டும். அதற்கு இசையமைப்பாளர் பயன்படுத்தும் முக்கியமான கருவி மேடையிலேயே இல்லை. கேட்பவரின் ஞாபகம்தான் அது.

மூன்றாவதிலிருந்து நான்காவதுக்குப் போகும் பாலத்தைப் பாருங்கள். இசைக்குழு முழுக்க அடங்கிவிடுகிறது. தந்திக் கருவிகள் காதுக்கு எட்டியும் எட்டாமலும் ஒரே கூட்டொலியை இழுத்துப் பிடிக்கின்றன. டிம்பனி என்ற பெரிய முரசு மட்டும் மெதுவாகத் தட்டிக்கொண்டே இருக்கிறது. அது தட்டுவது 'ஸி' என்ற ஒரே சுரத்தை. வயலின்கள் படிப்படியாக மேலே ஏறுகின்றன. கடைசி எட்டு தாளக்கட்டுகளில் ஒலி பொங்கி, நடுவில் நிறுத்தம் இல்லாமல், அதே 'ஸி'யை ஆதார சுரமாகக் கொண்ட ஸி மேஜர் ஸ்கேலில் கதவு திறக்கிறது. நம் சங்கீதக் காதில் சொன்னால், ஷட்ஜம் ('ஸ') மாறவில்லை. சாதாரண காந்தாரம் (தாழ்ந்த 'க') இருந்த இடத்தில் அந்தர காந்தாரம் (உயர்ந்த 'க') வந்து உட்கார்கிறது. கூடவே டிராம்போன்கள். (ஓடும் பேருந்தில் இயர்போனில் கேட்டால் இந்தப் பாலம் காணாமலே போய்விடும். தயவுசெய்து அமைதியான அறையில் கேளுங்கள்.)

அந்த நேரத்தில் நம் தலைக்குள் என்ன நடக்கிறது? கனடாவின் மான்ட்ரியலில் ஓர் ஆய்வுக்குழு 2011இல் வெளியிட்ட முடிவுகள் இதற்கு ஓரளவு விடை சொல்கின்றன. தங்களுக்குச் சிலிர்ப்பு தரும் இசையை ஆய்வில் பங்கேற்றவர்களே கொண்டுவந்தார்கள். அதைக் கேட்கும்போது அவர்கள் மூளை படம் பிடிக்கப்பட்டது. சிலிர்ப்பு வரும் தருணத்தில் டோபமைன் என்ற, இன்ப உணர்வோடு தொடர்புள்ள மூளை ரசாயனம் சுரந்ததில் வியப்பில்லை. ஆனால் அதற்குச் சில நொடிகள் முன்பே, 'வரப்போகிறது' என்று காத்திருக்கும்போதே, மூளையின் வேறொரு பகுதியில் டோபமைன் சுரந்திருந்தது. அதாவது காத்திருப்புக்கென்று தனியாக ஓர் இன்பம் இருக்கிறது. சிம்பொனி எழுதுபவர்கள் இதை எந்த ஸ்கேனரும் இல்லாமலே கண்டுகொண்டு, நொடிக்கணக்கை நிமிடக்கணக்காக நீட்டியிருக்கிறார்கள்.

ஆனால் நம் ஞாபகத்துக்கு எல்லை உண்டு. பாடப்புத்தகங்கள் சிம்பொனியை விளக்கும்போது பெரும்பாலும் ஸ்கேல் கணக்கைத்தான் சொல்லும்: இந்த ஆதார சுரத்தில் கிளம்பி, வேறொன்றுக்குப் போய், வீடு திரும்புகிறது என்று. நம் கச்சேரியில் தம்பூரா ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டே இருப்பதால் வீடு எது என்ற சந்தேகம் வராது. சிம்பொனியில் வீடே இடம் மாறும். நிக்கோலஸ் குக் என்ற இசையியலாளர் 1987இல் ஒரு சோதனை செய்தார். சில படைப்புகளைத் தொடங்கிய ஸ்கேலில் முடியாதபடி மாற்றி, இசை மாணவர்களிடமே போட்டுக் காட்டினார். சுமார் ஒரு நிமிடத்துக்கு மேற்பட்ட இசையில், வீடு திரும்பியதா இல்லையா என்பது அவர்களுடைய ரசனையைப் பெரிதாகப் பாதிக்கவில்லை.

அப்படியானால் அரை மணி நேரத்தைத் தாங்கிப்பிடிப்பது எது? நான் நம்புவது இது: தாள அச்சு, கருவிகளின் நிறம், ஒலியின் கனம். 'த த த தா' என்ற நான்கு தட்டுகளை ஒரு முறை கேட்டவர் மறக்க முடியாது. மூன்றாவது மூவ்மென்ட்டில் ஹார்ன்கள் அதே அச்சை வேறு உருவில் ஊதும்போது யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, உடம்புக்கே தெரிந்துவிடுகிறது. அப்புறம், நான்காவதின் வெற்றி முழக்கத்துக்கு நடுவே அந்த மூன்றாவதின் மெட்டு ஒரு நிழல்போல மெலிந்து திரும்பி வரும். பழைய பயம் எட்டிப் பார்ப்பதுபோல இருக்கும். முதலிலிருந்து கேட்டவருக்கு மட்டுமே அந்த இடம் பேசும்.

மூவ்மென்ட்டுகளுக்கு இடையில் வரும் மௌனமும் சும்மா இல்லை. ஸ்டான்ஃபோர்டில் நடந்து 2007இல் வெளியான ஓர் ஆய்வில், 18ஆம் நூற்றாண்டு ஆங்கில இசையமைப்பாளர் வில்லியம் பாய்ஸின் சிம்பொனிகளை, இசைப் பயிற்சி அதிகம் இல்லாதவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு மூவ்மென்ட் முடிந்து அடுத்தது தொடங்கும் அந்தக் குட்டி இடைவெளியில், ஒலியே இல்லாத நேரத்தில், மூளையின் செயல்பாடு உச்சத்துக்குப் போனது. கேட்டதை மூட்டை கட்டி வைத்துவிட்டு அடுத்ததற்குக் காதைத் தீட்டிக்கொள்ளும் வேலை அது. அதற்காக இடையில் கைதட்டுபவர்களை முறைக்க வேண்டாம். 1778இல் பாரிஸில் தன் சிம்பொனியின் முதல் மூவ்மென்ட் நடுவிலேயே சபை கைதட்டியதை மொஸார்ட் மகிழ்ச்சியோடு தன் அப்பாவுக்கு எழுதியிருக்கிறார்.

ஓர் இசைக்குழுவில் இவ்வளவு பேர் எதற்கு என்றும் கேட்கலாம். சத்தத்துக்காக என்றால் கணக்கு உதைக்கும். 16 வயலின்கள் சேர்ந்தாலும் ஒரு வயலினைவிட 12 டெசிபல்தான் கூடுதல், காதுக்கு இரண்டு மடங்குக்குச் சற்று அதிகமாகத் தோன்றும், அவ்வளவுதான். உண்மையான லாபம் வேறு. 16 பேரும் மயிரிழை வித்தியாசத்தில் வாசிக்கிறார்கள், ஒவ்வொருவரின் விரல் அதிர்வும் வெவ்வேறு. அந்தச் சின்னச் சின்னப் பிசகுகள் கலந்துதான் தனி வயலினுக்கு வாய்க்காத அந்தப் பட்டுப்போன்ற மினுமினுப்பு பிறக்கிறது.

சரி, 2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் 'வேலியண்ட்' சிம்பொனி அரங்கேறியபோது நம்மில் பலர் கொண்டாடினோம். அதற்குப் பின் என் நண்பர்கள் சிலர் உண்மையாகவே கேட்டார்கள்: இந்த வடிவம் இன்னும் உயிரோடு இருக்கிறதா? இருக்கிறது. 2024இல் மறைந்த பின்லாந்தின் லெய்ஃப் செகர்ஸ்டாம் 370க்கும் மேற்பட்ட சிம்பொனிகளை எழுதிவிட்டுப் போனார். அமெரிக்காவின் ஃபிலிப் கிளாஸ் எழுதிய 12ஆவது சிம்பொனி 2019இல் லாஸ் ஏஞ்சலஸில் அரங்கேறியது, டேவிட் போவியின் ஒரு ராக் ஆல்பத்திலிருந்து பிறந்தது அது. அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் ஆடம்ஸ் 1985இல் 'ஹார்மனிலேரெ' என்று பெயரிட்ட படைப்பில் சிம்பொனி என்ற சொல் இல்லை, ஆனால் மூன்று பெரிய மூவ்மென்ட்டுகளில் அது செய்வதெல்லாம் சிம்பொனியின் வேலைதான். பெயரைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. எண்பது, நூறு பேரைக் கூட்டி ஒத்திகை பார்க்க ஆகும் செலவுதான் பெரிய தடை, புதிதாக எழுதுபவருக்கு இரண்டாவது மேடை கிடைப்பது முதல் மேடையைவிடக் கடினம்.

கேட்பவர்களைப் பற்றி யாராவது சந்தேகப்பட்டால் நான் காட்டுவது போலந்தின் ஹென்ரிக் குரெட்ஸ்கியை. 1976இல் அவர் எழுதிய மூன்றாம் சிம்பொனி ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, மூன்று மூவ்மென்ட்டும் மெதுவானவை. நடுப்பகுதியில் சோப்ரானோ (உச்சக் குரல் பாடகி) பாடும் வரிகள், 1944இல் நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டபோவின் சிறைச் சுவரில் 18 வயதுப் பெண் ஒருத்தி தன் அம்மாவுக்கு எழுதிவைத்தவை. 1992இல் வெளியான ஒலிப்பதிவு, பிரிட்டனில் பாப் ஆல்பங்களோடு போட்டியிட்டு ஆறாம் இடம் வரை ஏறியது, பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் அவர் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

அதன் முதல் மூவ்மென்ட், மிகத் தாழ்ந்த ஒலியுள்ள பெரிய தந்திக் கருவியான டபுள் பேஸின் அடிவயிற்றிலிருந்து கிளம்புகிறது, கிட்டத்தட்ட சத்தமே இல்லாமல். அதே மெட்டை அடுத்த குரல், அதாவது இன்னொரு தந்திக் கருவிக் குழு, ஐந்து சுரம் மேலே பிடிக்கிறது, பிறகு அதற்கும் மேலே இன்னொன்று. பத்து நிமிடத்துக்கு மேல் இப்படியே அடுக்கிக்கொண்டு போய், நடுவில் சோப்ரானோ ஒரு பழைய புலம்பல் பாடலைப் பாடுகிறாள். பின்பு அடுக்கு முழு கனத்தோடு திரும்புகிறது. இனி குரல்கள் ஒவ்வொன்றாக விடைபெறும், மேலிருந்து கீழாக. நாம் ஒவ்வொன்றும் வந்ததைக் கேட்டவர்கள், அதனால் போவதும் ஒவ்வொன்றாகத் தெரிகிறது. கடைசியில் மிஞ்சுவது அந்த டபுள் பேஸ் மட்டும்.