ஒருவனா, ஐந்து பேரா? என்.எஃப்.எல் டிராஃப்ட்டுக்குள் ஓடும் கணக்கு

ஏப்ரல் நெருங்கினால், கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டுக்காக, அமெரிக்கக் கால்பந்து ரசிகர்கள் எல்லாரும் தேர்வுக்குழு உறுப்பினர்கள் ஆகிவிடுவார்கள். தோற்ற அணியின் ரசிகர் என்றால் கேட்கவே வேண்டாம். அவருடைய அணிக்கு ஜனவரியிலேயே கடை மூடியாகிவிட்டது. கல்லூரி ஆட்டக்காரன் ஒருவனுடைய வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, "என்ன விலை கொடுத்தாவது முன்னே போய் இவனை எடுத்தே ஆகணும்" என்ற முடிவுக்கு வந்திருப்பார். நானும் ஒரு ரசிகன்தான், ஆனால் என் கட்சி வேறு. தேர்வு வரிசையில் முன்னே போகாதீர்கள், யாராவது நல்ல விலை கொடுத்தால் பின்னே வாருங்கள் என்பேன். விரக்தியில் சொல்வதில்லை இது. இருபது வருடமாக அலசப்பட்டு வரும் ஒரு கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

முதலில் டிராஃப்ட் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். ஐபிஎல் ஏலத்தில் யார் கையில் பணம் இருக்கிறதோ அவர் கையைத் தூக்கலாம். அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்-இல் ஏலம் கிடையாது, வரிசைதான். போன பருவத்தில் மோசமாக ஆடிய அணி முதலில் தேர்ந்தெடுக்கும், சூப்பர் பவுல் என்ற இறுதிப்போட்டியை வென்ற அணி கடைசியில். 32 அணிகள், ஏழு சுற்றுகள். பிலடெல்பியா ஈகிள்ஸின் உரிமையாளர் பெர்ட் பெல், வசதியான அணிகளே நல்ல ஆட்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போவதைப் பார்த்து வெறுத்துப்போய் 1935-இல் முன்வைத்த யோசனை இது. 1936-இல் முதல் டிராஃப்ட் நடந்தது. அதில் முதல் ஆளாக ஈகிள்ஸ் எடுத்த ஜே பெர்வாங்கர் கடைசிவரை ஒரு என்.எஃப்.எல் ஆட்டம்கூட ஆடவில்லை. டிராஃப்ட்டின் குணம் முதல் நாளே தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வரிசையில் கிடைத்த இடத்தை விற்கலாம், வாங்கலாம். சுவாரசியமே அங்கேதான். 10ஆம் இடத்தில் இருக்கும் அணி 3ஆம் இடத்துக்குப் போக வேண்டுமானால் என்ன கொடுக்க வேண்டும்? நீண்ட காலம் இதற்கு ஆளாளுக்கு ஒரு விலை சொன்னார்கள். 1991-இல் டல்லாஸ் கௌபாய்ஸ் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் கையில் ஓர் அட்டவணை வந்தது. தயாரித்தவர் அணியில் பங்கு வைத்திருந்த மைக் மெக்காய், தொழிலால் எண்ணெய்த் துறைப் பொறியாளர். அதில் முதல் இடத்துக்கு 3000 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 2600, பத்தாம் இடத்துக்கு 1300, பதினாறாம் இடத்துக்கு 1000, இன்றைய முதல் சுற்றின் கடைசியான 32ஆம் இடத்துக்கு 590. எந்த இடம் என்ன தகுதி பெறும் என்று மெக்காய் ஆராய்ந்து போட்ட விலை அல்ல இது. அதுவரை அணிகள் என்ன விலைக்குப் பேரம் பேசின என்பதைப் பார்த்து வரைந்த கோடு. பின்னாளில் இதே அட்டவணை லீக் முழுக்கப் பரவி, எல்லாரும் இதை வைத்தே பேரம் பேச ஆரம்பித்தார்கள். பழைய பழக்கமே விலைப்பட்டியல் ஆகிவிட்டது.

இந்த விலை சரியா என்று கேட்டவர்கள் கேட் மாஸி, ரிச்சர்ட் தேலர் என்ற இரண்டு பேர். 2017-இல் பொருளாதார நோபல் வாங்கிய அதே தேலர்தான். 2005-இல் முதல் வடிவத்தை வெளியிட்டு 2013-இல் ஆய்விதழில் பதிப்பித்த கட்டுரையில், இவர்கள் இரண்டு கோடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். ஒன்று, அணிகள் அந்த இடத்துக்குக் கொடுக்கும் விலை. மற்றொன்று, அந்த இடத்தில் எடுக்கப்பட்ட ஆட்டக்காரன் தன் சம்பளத்துக்கு மேல் அணிக்கு எவ்வளவு சம்பாதித்துக் கொடுத்தான் என்பது. என்.எஃப்.எல்-இல் ஒவ்வோர் அணியும் இவ்வளவுதான் சம்பளம் கொடுக்கலாம் என்று உச்சவரம்பு உண்டு. 2024-இல் அது 25.54 கோடி டாலர். அதனால் ஒருவன் நன்றாக ஆடினால் மட்டும் போதாது, சம்பளத்தைவிட அதிகமாக ஆட வேண்டும். அந்த உபரியில்தான் அணிக்கு லாபம்.

விலைக்கோடு மலையிலிருந்து விழுவதுபோல் செங்குத்தாக இறங்குகிறது. ஆட்டத்திறன் கோடும் இறங்கத்தான் செய்கிறது, ஆனால் மெல்ல. முதல் இடத்து ஆட்டக்காரன் சராசரியில் பத்தாம் இடத்துக்காரனைவிட மேல்தான், விலை சொல்லும் அளவுக்கு மேல் இல்லை. சம்பளத்தையும் கழித்துவிட்டுப் பார்த்தால், அந்தக் காலத்து விவரங்களில் அதிக உபரி கிடைத்தது முதல் இடத்தில் அல்ல, இரண்டாம் சுற்றின் தொடக்கத்தில். இன்னொரு எண்தான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது. ஒரே பொறுப்பில் ஆடும் இரண்டு பேரில் முன்னால் எடுக்கப்பட்டவன், அடுத்து எடுக்கப்பட்டவனைவிடச் சிறப்பாக அமைவதற்கான வாய்ப்பு 52 விழுக்காடுதான். காசு சுண்டினால் 50.

ஏன் இப்படி? முழுநேரத் தேர்வாளர்களை நாடெங்கும் அனுப்பி, இண்டியானாபொலிஸில் ஒரு வாரம் நிற்கவைத்து, ஓடவைத்து, குதிக்கவைத்து, மருத்துவப் பரிசோதனை செய்து, நேர்காணலும் நடத்துகிறார்களே?

அளவிடுவது எளிது, அளந்ததை வைத்து ஊகிப்பதுதான் கஷ்டம். 40 கஜம் எத்தனை நொடியில் ஓடுகிறான் என்பதை நூறில் ஒரு பங்கு நொடி வரை சொல்லிவிடலாம். ஆனால் அந்தச் சோதனைக்கு வருகிறவர்கள் ஏற்கெனவே பல வருடம் சலித்து எடுக்கப்பட்டவர்கள். மெதுவாக ஓடுகிறவன் பள்ளியிலேயே கழிந்துபோயிருப்பான். எல்லாரும் வேகமானவர்கள் என்னும்போது வேகம் யாரையும் பிரித்துக் காட்டாது. பிரித்துக் காட்டக்கூடியவையோ, எதிரணியின் அமைப்பை இரண்டு நொடியில் படிப்பது, அடிபட்ட பின் அடுத்த ஆட்டத்தில் தடுமாறாமல் நிற்பது போன்றவை. அவற்றுக்கு நொடிக்கடிகாரம் இல்லை. டாம் பிரேடி 2000-இல் 40 கஜத்தை 5.28 நொடியில் ஓடினார். பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்குகளுக்கும் அது மந்தம்தான். 199ஆம் இடம் வரை யாரும் அவரைத் தொடவில்லை, அவருக்கு முன்னால் ஆறு குவார்ட்டர்பேக்குகள் போனார்கள். அவர் கடைசியில் ஏழு சூப்பர் பவுல் வென்றார். மறுபக்கம், 1989-இல் கிரீன் பே இரண்டாம் இடத்தில் எடுத்த டோனி மாண்டரிச், உடல் அளவுகளைப் பார்த்து எல்லாரும் வாய்பிளந்த ஆள். அந்த வருடம் 1, 3, 4, 5 ஆகிய இடங்களில் போன டிராய் எய்க்மன், பாரி சாண்டர்ஸ், டெரிக் தாமஸ், டியான் சாண்டர்ஸ் நான்கு பேரும் மாபெரும் ஆட்டக்காரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள். மாண்டரிச் மட்டும் இல்லை.

ஊகம் தவறுவது ஒரு பக்கம். தவறும் ஊகங்களில் மிகப் பெரியது எதுவோ அதுதான் முடிவெடுக்கிறது என்பது இன்னும் மோசம். ஓர் ஆட்டக்காரனின் உண்மையான தகுதி 70 மதிப்பெண் என்று வைத்துக்கொள்வோம். ஆறு அணிகள் அவனைப் பார்த்து 62, 66, 69, 71, 73, 79 என்று போடுகின்றன. சராசரி சரியாக 70. கூட்டமாகப் பார்த்தால் யாரும் முட்டாள் இல்லை. ஆனால் சொத்தை விற்று முன்னே வரப்போவது 69 போட்ட அணியா? 79 போட்ட அணிதான் வரும். அதாவது, இவனை யார் அதிகம் தவறாக எடைபோட்டாரோ அவர் கையிலேயே போய்ச் சேருவான். இதை முதலில் எழுதிவைத்தவர்களும் எண்ணெய்ப் பொறியாளர்கள்தான். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் வயல்களை ஏலம் எடுத்த கம்பெனிகள் ஏன் எதிர்பார்த்த லாபத்தைப் பார்ப்பதில்லை என்று 1971-இல் மூன்று பேர் விளக்கினார்கள்: ஏலத்தில் ஜெயித்தவர், பெரும்பாலும் எண்ணெய் இருப்பை மிகையாக மதிப்பிட்டவர். அதே தொழிலிலிருந்து வந்த மெக்காயின் அட்டவணை என்.எஃப்.எல்-க்கு இந்த நோயை ஒட்டவைத்தது என்பதை நினைத்தால் கொஞ்சம் சிரிப்பு வருகிறது.

ரசிகர்களுக்கு இதில் ஓர் ஆறுதல் உண்டு. தனி ஆள் கருத்து எவ்வளவு உரக்கச் சொன்னாலும் அந்த ஆறு எண்களில் ஒன்றுதான். ஆனால் நிறையப் பேருடைய பட்டியல்களைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் 70-க்குப் பக்கத்தில் வருவோம். ஒரு நிபந்தனை: எல்லாரும் ஒரே நிபுணர் எழுதியதைப் படித்துவிட்டு வந்திருக்கக் கூடாது. அப்படி வந்தால் தவறுகள் ஒன்றையொன்று கழிக்காது, கூடிப்போகும்.

இனி பேரத்துக்கு வருவோம். ஜான்சன் அட்டவணைப்படி ஒரு முதல் இடம் ஏறக்குறைய ஐந்து 32ஆம் இடங்களுக்குச் சமம். கணக்குக்காக, முதல் இடத்தில் எடுப்பவன் நட்சத்திரம் ஆக மூன்றில் ஒரு வாய்ப்பு, 32ஆம் இடத்தில் எட்டில் ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள் (இவை நான் போட்ட எண்கள்). ஐந்து பேரும் சொதப்புவதற்கான வாய்ப்பு 7/8-ஐ ஐந்து முறை பெருக்கினால் வரும், கிட்டத்தட்ட 51 விழுக்காடு. ஆக ஒருவனாவது தேறுவதற்கு 49. ஒற்றை ஆளை நம்பினால் 33. ஒருவன் முழங்கால் உடைந்து உட்கார்ந்தாலும் மற்ற நான்கு பேர் இருக்கிறார்கள் என்பது கொசுறு.

அடுத்த வருடத்து இடங்களை இந்த வருடமே அடகு வைக்கும் பழக்கம் இதைவிட மோசம். இந்த வருடம் இரண்டாம் சுற்றில் ஓர் இடம் வேண்டுமா, அடுத்த வருடம் முதல் சுற்றைக் கொடு என்பதுதான் சந்தை வழக்கம். மாஸியும் தேலரும் இதை வட்டியாக மாற்றிப் பார்த்தார்கள்: வருடத்துக்கு 136 விழுக்காடு. கந்துவட்டிக்காரரே கூச்சப்படுவார்.

2023 மார்ச்சில் கரோலினா பாந்தர்ஸ் கட்டிய வட்டியைப் பாருங்கள். சிகாகோ பியர்ஸிடமிருந்து முதல் இடத்தை வாங்க, அந்த வருடத்து 9ஆம், 61ஆம் இடங்கள், 2024-இன் முதல் சுற்று, 2025-இன் இரண்டாம் சுற்று, கூடவே வீசும் பந்தைப் பிடிக்கும் டி.ஜே. மூர் என்ற தேர்ந்த ரிசீவர், இவ்வளவும் கொடுத்தது. எடுத்தது குவார்ட்டர்பேக் பிரைஸ் யங்கை. அந்தப் பருவத்தில் கரோலினா 2 வெற்றி, 15 தோல்வி. லீகிலேயே கடைசி. ஆகவே சிகாகோவுக்குக் கொடுத்த 2024 முதல் சுற்று வேறெதுவாகவும் ஆகவில்லை, அதுவே முதல் இடம் ஆகிப்போனது. அதில் சிகாகோ கேலப் வில்லியம்ஸை எடுத்தது. யங்குக்கு அடுத்தபடியாக ஹூஸ்டன் இரண்டாம் இடத்தில் எடுத்த சி.ஜே. ஸ்ட்ரவுட், அந்த வருடத்தின் சிறந்த புதுமுகத் தாக்குதல் ஆட்டக்காரர் விருதை வாங்கினார். ஒரு வருட ஆட்டத்தை வைத்து யங்கை முடிந்த கதை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த இரண்டு பேரில் யார் மேல் என்று சொல்ல இவ்வளவு விலையா?

இதைவிட எனக்குப் பிடித்த காட்சி 2014 டிசம்பரில் நடந்தது. 2012-இல் வாஷிங்டன் அணி, 6ஆம் இடத்திலிருந்து 2ஆம் இடத்துக்குப் போய் ராபர்ட் கிரிஃபினை எடுக்க, செயின்ட் லூயிஸ் ராம்ஸுக்கு மூன்று முதல் சுற்று இடங்களையும் ஒரு இரண்டாம் சுற்று இடத்தையும் கொடுத்திருந்தது. கிரிஃபின் முதல் பருவத்தில் அசத்தினார், சிறந்த புதுமுக விருதும் வாங்கினார். பிறகு முழங்கால் போனது. இரண்டு வருடம் கழித்து ராம்ஸ் வாஷிங்டனுக்கு வந்தபோது, டாஸ் போட அவர்களுடைய பயிற்சியாளர் ஜெஃப் ஃபிஷர் ஆறு பேரை நடுமைதானத்துக்கு அனுப்பினார். ஆறு பேருமே அந்த ஒரு பேரத்தில் வந்த இடங்களால் கிடைத்தவர்கள். ராம்ஸ் 24-0 என்று ஜெயித்தது. இன்னொரு சங்கதி: அதே 2012-இல் வாஷிங்டன் நான்காம் சுற்றில் சும்மா ஒரு காப்புக்கு எடுத்த கர்க் கசின்ஸ்தான் பிற்பாடு அங்கே நிலையான குவார்ட்டர்பேக் ஆனார்.

சரி, மேலே போவது எப்போதும் தப்பா? இல்லை. இரண்டு காரணங்களால் கணக்கு மாறியிருக்கிறது. 2010-இல் முதல் ஆளாகப் போன சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு வருடத்துக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம். 2011-இல் தொழிற்சங்க உடன்பாடு புதியவர்களின் சம்பளத்தைக் கட்டிப்போட்டது. அந்த வருட முதல் ஆள் கேம் நியூட்டனுக்கு நான்கு வருடத்துக்கு 2.2 கோடிதான். முன்வரிசை இடங்கள் ஒரே இரவில் லாபகரமாகின. அப்புறம் குவார்ட்டர்பேக். வெளிச்சந்தையில் ஒரு நல்ல குவார்ட்டர்பேக் வருடத்துக்கு 5 கோடி டாலருக்கு மேல் கேட்கிறார். கேலப் வில்லியம்ஸின் நான்கு வருட ஒப்பந்தம் முழுதுமே ஏறக்குறைய 3.95 கோடி. ஆள் தேறிவிட்டால் உபரி கொட்டும். 2017-இல் கான்சஸ் சிட்டி 27-இலிருந்து 10-க்கு ஏறி பேட்ரிக் மஹோம்ஸை எடுத்ததை இன்று யாரும் குறை சொல்வதில்லை. அதே டிராஃப்ட்டில் சிகாகோ 3-இலிருந்து 2-க்கு ஒரே ஒரு படி ஏற, கூடுதலாக மூன்று இடங்களைக் கொடுத்து எடுத்தது மிட்செல் ட்ரபிஸ்கியை.

ஆனால் ஆள் தேறுவாரா என்ற அந்தப் பழைய கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோ 2021-இல் 12-இலிருந்து 3-க்கு ஏறி, பிற்கால முதல் சுற்றுகள் இரண்டையும் சேர்த்துக் கொடுத்து, டிரே லான்ஸை எடுத்தது. அவர் அந்த அணிக்காகத் தொடக்க ஆட்டக்காரராக ஆடியது நான்கு ஆட்டங்கள். 2022-இல் அதே அணி 262ஆம் இடத்தில், டிராஃப்ட்டின் கடைசி ஆளாக எடுத்த பிராக் பர்டி அவர்களைச் சூப்பர் பவுல் வரை கூட்டிக்கொண்டு போனார்.

இதெல்லாம் அணிகளுக்குத் தெரியாதா? தெரியும், எல்லா அணியிலும் இன்று புள்ளியியல் ஆட்கள் இருக்கிறார்கள். தடை வேறு இடத்தில். அடுத்த வருடத்து இடங்கள் அணியின் சொத்து, ஆனால் அதை விற்கும் மேலாளர் அடுத்த வருடம் அந்த நாற்காலியில் இருப்பாரா என்பது அவருக்கே தெரியாது. தன் வேலை போன பிறகு வேறொருவர் அறுவடை செய்யப்போகும் பயிருக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்? கிளீவ்லாந்து பிரவுன்ஸில் ஒருவர் ஊற்றிப் பார்த்தார். 2016-இல் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்புக்கு வந்த சாஷி பிரவுன், ஏட்டில் உள்ள கணக்கை அப்படியே பின்பற்றி 2ஆம் இடத்தை விற்றுக் கீழே இறங்கினார். 2017-இல் 12-ஐ விற்று ஹூஸ்டனின் அடுத்த வருடத்து முதல் சுற்றை வாங்கினார். இரண்டு முறையும் விட்டுக்கொடுத்த இடங்களில் மற்ற அணிகள் குவார்ட்டர்பேக்குகளை எடுத்தன, கார்சன் வெண்ட்ஸ், டிஷான் வாட்சன். அந்தத் தவறை நானும் மறுக்கவில்லை. 2016-இல் கிளீவ்லாந்துக்கு 1 வெற்றி, 15 தோல்வி; அடுத்த பருவத்தில் 0-16. 2017 டிசம்பரில், பருவம் முடிவதற்குள்ளேயே, பிரவுனை வீட்டுக்கு அனுப்பினார்கள். 2018 டிராஃப்ட்டில் முதல் இடமும், ஹூஸ்டனிடம் வாங்கி வைத்த நான்காம் இடமும் கிளீவ்லாந்து கையில் இருந்தன. பேக்கர் மேஃபீல்டையும் டென்சல் வார்டையும் எடுத்தவர் புதிதாக வந்த ஜான் டோர்சி.