கதைத்துத் தரும் சிகிச்சையும் இலவசம்தான், கேட்டு வாங்குங்கள்

மனச்சோர்வோடு ஓபிடிக்கு (வெளிநோயாளர் பிரிவுக்கு) போகிற எத்தனையோ பேர் பரசிட்டமோலோடும் நித்திரைக் குளிசையோடும் வீடு திரும்புகிறார்கள். அவர்களில் பிழை இல்லை. மணிக்கணக்கில் காத்திருந்து உள்ளே போனால் தலையிடி, உடம்பு உளைவு, நித்திரை இல்லை என்பதுதான் முதலில் வாயில் வரும். பின்னால் வரிசை நிற்க, வைத்தியரும் அதற்கே மருந்து எழுதுவார். ஆகவே முதல் வசனத்திலேயே சொல்லிவிடுங்கள்: "டொக்டர், மனம்தான் சரியில்லை. ஆரோடயாவது ஆறுதலாக் கதைக்க வேணும்."

பயிற்சி பெற்ற சாதாரண வைத்தியரே மனச்சோர்வுக்கான சிகிச்சையைத் தொடங்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2010 இலேயே வழிகாட்டி வெளியிட்டது. அவருக்கு நேரமில்லை என்றால் மனநலப் பிரிவுக்கு அனுப்பலாம். யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை, மந்திகை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளிலும் அந்தப் பிரிவு உண்டு.

அலைச்சல் அதற்குப் பிறகுதான். ஓபிடி வாயால் "அங்க போங்கோ" என்று சொல்லும், அங்கே போனால் "துண்டு எங்க?" என்பார்கள். அனுப்பும் கடிதம் கையில் வராமல் கதிரையை விட்டு எழும்பாதீர்கள். கிளினிக் நாளையும் கொப்பியில் எழுதுவித்து வாங்குங்கள். வைத்தியர் மாற்றலாகிப் போனால் புதியவரிடம் எல்லாக் கதையையும் முதலிலிருந்து சொல்ல வைப்பார்கள். நொந்த மனதுக்கு அது பெரிய கொடுமை. அதனால் ஒவ்வொரு முறையும் கதைத்ததன் சுருக்கத்தைக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள்.

கிராம அலுவலர் கடிதமோ சமுர்த்தி அட்டையோ இதற்குத் தேவையில்லை. "பின்னேரம் என்ர பிரைவேட் கிளினிக்குக்கு வாங்கோ" என்று யாராவது சொன்னாலும், இலவசமாகக் கிடைக்க வேண்டியது உங்களுக்கு அப்படியே இருக்கிறது. கூட வந்த கணவரோ மாமியாரோ உங்களுக்காகப் பதில் சொன்னால், அவர்களை வெளியே இருக்கச் சொல்லும்படி வைத்தியரிடமே கேளுங்கள்.

பிரதேச செயலகத்தில் இருக்கும் உளவளத்துணை உத்தியோகத்தரும் கதைப்பார், ஆனால் மருந்து எழுத முடியாது. அங்கே போகிறீர்கள் என்பதற்காகக் கிளினிக்கை விட்டுவிடாதீர்கள். மனச்சோர்வுக்கான குளிசை வேலை செய்யச் சில வாரம் எடுக்கும். இடையில் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

உயிரை விடும் எண்ணம் வந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். தற்கொலை முயற்சி 1998 முதல் இலங்கையில் குற்றமில்லை. இரவு பகல் எந்நேரமும் மனநல உதவித் தொலைபேசி இலக்கமான 1926 க்கு அழைத்துத் தமிழில் கதைக்கலாம்.

கடிதம் தர மறுத்தால் எழுத்தில் முறையிடுங்கள். ஆதார, பிரதேச வைத்தியசாலை என்றால் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு, போதனா வைத்தியசாலை என்றால் அதன் பணிப்பாளருக்கு. பிரதி ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.