ரக்கூனின் கைக்கு எட்டாத வீடு

கனடாவின் டொராண்டோ நகரில் காலையில் எழுந்து பார்க்கும்போது குப்பைத் தொட்டி கவிழ்ந்து கிடந்தால், யார் செய்தது என்று எவரும் விசாரிப்பதில்லை. கண்களைச் சுற்றிக் கறுப்புப் பட்டையும், வளையம் வளையமான வாலும் கொண்ட ரக்கூன் இரவில் வந்துபோயிருக்கிறது. தமிழர்கள் நிறைந்து வாழும் ஸ்கார்பரோவிலும் இதே தொல்லைதான். மீன் கழிவும் எலும்பும் பழத்தோலும் நடைபாதை வரை சிதறிக் கிடந்தால் கோபம் வராமல் இருக்காது. கூண்டு வைத்துப் பிடித்து எங்காவது தொலைவில் விட்டுவிடலாம் என்றுதான் பலருக்கும் முதலில் தோன்றும். அதனால் பயன் இல்லை, பெரும்பாலும் தீங்குதான் விளையும். ஏன் என்று புரிய இந்த விலங்கின் கைகளிலிருந்து தொடங்க வேண்டும்.

கால்கள் என்று சொல்வதைவிட அவற்றைக் கைகள் என்பதே பொருத்தம். நீண்டு பிரிந்த ஐந்து விரல்கள், இடையில் சவ்வு இல்லை. உள்ளங்கைத் தோலில் தொடுகையை உணரும் நரம்பு முனைகள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. நகங்களுக்கு மேலே முளைத்திருக்கும் விறைப்பான உணர்முடிகள், விரல் படுவதற்கு முன்பே எதிரில் ஒரு பொருள் இருப்பதைச் சொல்லிவிடும். மூளையில் தொடு உணர்வைக் கவனிக்கும் பகுதியின் பெரும்பங்கு கைகளுக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. ரக்கூன் உணவைத் தண்ணீரில் அலசுவதைப் பார்த்து அது சுத்தம் பார்க்கிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஈரம் பட்டதும் கையின் உணர்திறன் கூடுகிறது என்பதே இப்போது பலரும் ஏற்கும் விளக்கம். கும்மிருட்டில் தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே தொட்டிக்குள் கைவிட்டு, எது எலும்பு, எது காகிதம் என்று அது பிரித்தெடுத்துவிடும்.

கைக்கு ஈடாக மூளையும் வேலை செய்கிறது. பூனையின் மூளை அளவே உள்ள ரக்கூன் மூளையின் மேலடுக்கான புறணியில், நாய்க்கு இணையான எண்ணிக்கையில் நரம்பணுக்கள் இருப்பதை 2017இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதற்கு நூறாண்டுகளுக்கும் முன்பே, 1907இல், அமெரிக்க உளவியலாளர் ஹெர்பர்ட் டேவிஸ் கொக்கி, தாழ்ப்பாள், பொத்தான் என்று பலவகைப் பூட்டுகளை ரக்கூன்களிடம் கொடுத்துப் பார்த்தார். மொத்தம் 13 பூட்டுகளில் 11ஐ அவை திறந்துவிட்டன. டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூசேன் மெக்டொனால்ட், நகர ரக்கூன்களையும் நாட்டுப்புற ரக்கூன்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தவர். மூடியை இழுத்துக் கட்டிய தொட்டியை நகர ரக்கூன்கள் விடாமல் நோண்டித் திறந்தன, நாட்டுப்புற ரக்கூன்கள் அந்த அளவுக்கு மெனக்கெடவில்லை. ஆக, மனிதன் வைக்கும் ஒவ்வொரு பூட்டும் நகர ரக்கூனுக்கு ஒரு பயிற்சியாகிவிடுகிறது.

ஆனால் அந்தக் கைக்கு ஒரு குறை உண்டு. பெருவிரல் மற்ற விரல்களுக்கு எதிராக மடங்காது. நம்மைப்போல் ஒரு குமிழை இறுகப் பிடித்துத் திருக அதனால் எளிதில் முடியாது. டொராண்டோ மாநகராட்சி 2016 முதல் வழங்கிய பச்சைத் தொட்டிகள் இந்தக் குறையைக் கருதியே வடிவமைக்கப்பட்டவை. மூடியில் திருகித் திறக்கும் கைப்பிடி இருக்கிறது. குப்பை வண்டியின் இயந்திரக் கை தொட்டியைத் தூக்கித் தலைகீழாகச் சாய்க்கும்போது, உள்ளே இருக்கும் பூட்டு புவியீர்ப்பால் தானாக விடுபடும். தரையில் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால் விடுபடாது. சுமார் 3.1 கோடி கனடிய டாலர் செலவில் வந்த இந்தத் தொட்டிகளையும் சில ரக்கூன்கள் கவிழ்த்துப்போட்டுக் கைப்பிடியைத் திருப்பக் கற்றுக்கொண்டன. ஆனாலும் பெரும்பாலானவற்றால் திறக்க முடியவில்லை. தொட்டியைச் சுவரோடு சேர்த்துக் கட்டிவைத்தால் கவிழ்க்கவும் வழியில்லை. வண்டி வரும் நாளில் முந்தின இரவே வெளியே வைக்காமல் விடிந்ததும் வைப்பது இன்னும் நல்லது.

கூண்டு விஷயத்துக்கு வருவோம். ஒண்டாரியோ மாகாண விதிப்படி, பிடித்த ரக்கூனை 24 மணி நேரத்துக்குள், பிடித்த இடத்திலிருந்து 1 கிலோமீட்டருக்குள் விட்டுவிட வேண்டும். அவ்வளவு தொலைவிலிருந்து அது திரும்பி வந்துவிடும். அதற்கு அப்பால் கொண்டுபோவது சட்டப்படி குற்றம். விதிக்குக் காரணம் இருக்கிறது: ரேபிஸ் போன்ற நோய்கள் இடம் மாறிப் பரவும், பழக்கமில்லாத இடத்தில் விடப்பட்ட விலங்கு இரையும் ஒண்டுமிடமும் தெரியாமல் சாகும். காலியான இடத்துக்கோ அடுத்த தெருவிலிருந்து இன்னொரு ரக்கூன் குடிவந்துவிடும், ஏனென்றால் அதை இழுத்த உணவும் ஓட்டையும் அப்படியே இருக்கின்றன.

இளவேனிலில் கூண்டு வைப்பதுதான் மிகக் கொடிய தவறு. மார்ச் முதல் மே வரை பெண் ரக்கூன் மூன்று முதல் ஐந்து குட்டிகள் ஈனும். மரப்பொந்து கிடைக்காத நகரில் நம் வீட்டுக் கூரைக்கு அடியிலுள்ள பரணே அதற்குப் பொந்து. தாயைப் பிடித்துக் கொண்டுபோய்விட்டால், கண்கூடத் திறக்காத குட்டிகள் பரணிலேயே பட்டினியால் சாகும். ஓட்டையை மட்டும் அடைத்தால் உள்ளே சிக்கிய குட்டிகளுக்காகத் தாய் கூரைத் தகடுகளையே பிய்த்தெறியும்.

இங்கே அந்தத் தாயின் இயல்பே நமக்கு உதவுகிறது. எந்தப் பெண் ரக்கூனும் ஒரே பொந்தை நம்பி இருப்பதில்லை, மாற்றிடங்கள் கைவசம் வைத்திருக்கும். அனுபவமுள்ள பணியாளர்கள் முதலில் குட்டிகளைக் கையுறையோடு எடுத்து, கதகதப்பான பெட்டியில் வைத்து, நுழைவாயில் அருகே பொருத்துவார்கள். மற்ற ஓட்டைகளைக் கம்பிவலையால் அடைத்துவிட்டு, நுழைவாயிலில் ஒருவழிக் கதவு மாட்டுவார்கள். உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து இழுத்தால் திறக்காது. இரவில் வெளியேறும் தாய் திரும்பி உள்ளே போக முடியாமல், பெட்டியிலிருக்கும் குட்டிகளை ஒவ்வொன்றாகப் பிடரியில் கவ்வித் தூக்கிக்கொண்டு வேறு இடம் போய்விடும். குட்டிகளும் தாயும் போனது உறுதியான பிறகே கடைசி ஓட்டையை அடைக்க வேண்டும்.

காலியான பரணைத் துப்புரவு செய்யும்போது கவனம் தேவை. ரக்கூன்கள் ஒரே இடத்தில் மலம் கழிக்கும் பழக்கமுள்ளவை. அதிலுள்ள ஒருவகை உருளைப்புழுவின் முட்டைகள் இரண்டு முதல் நான்கு வாரங்களில் தொற்றும் நிலையை அடைந்து, பிறகு ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். அரிதாக நடப்பதுதான் என்றாலும், வாய்வழியே உடலுக்குள் போனால் புழு மூளையையே தாக்கக்கூடும். மண்ணில் விளையாடிக் கையை வாயில் வைக்கும் சிறு குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். சலவைக் குளோரின் இந்த முட்டைகளைக் கொல்லாது. கொதிக்கும் நீர் கொல்லும். புதிய எச்சத்தை உடனே அகற்றிவிடுங்கள். பழையது என்றால் முகக்கவசமும் கையுறையும் அணிந்து, தூசி கிளம்பாமல் லேசாக ஈரப்படுத்தி அள்ளி, அந்த இடத்தில் கொதிநீர் ஊற்றுங்கள். பரணில் குளிரைத் தடுக்கப் பரப்பியிருக்கும் காப்புப் பஞ்சில் ஊறியிருந்தால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதிது போடுவதே வழி.