ஹீட் பம்ப்புக்குப் புதிய கண்ட்ரோலர்: திரையில் தெரியும் எண்ணை நம்புவதற்கு முன்

உதகைக்கு அருகே தலைக்குந்தா பக்கம், ஒரு ஜனவரி மாத விடியற்காலையில், தங்கும் விடுதி ஒன்றின் மொட்டை மாடியில் நின்றுகொண்டிருந்தேன். புல்வெளியெங்கும் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. அறைகளில் வெந்நீர் வரவில்லை என்று அழைத்திருந்தார்கள். மாடியில் இருந்த ஹீட் பம்ப்பின் காயிலில் (வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுக்கும் குழாய்த் தொகுதி) கீழ்ப்பாதி முழுவதும் பனிக்கட்டியால் அடைபட்டு, அலுமினியத் தகடுகளின் இடைவெளியே தெரியாமல் சுவர் எழுப்பியதுபோல் இருந்தது. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது, ஆனால் காற்று உள்ளே இழுபடவில்லை. கம்ப்ரஸரின் சத்தம் சீராக இல்லாமல் கரகரத்தது. விடுதியைப் பார்த்துக்கொள்பவர் கண்ட்ரோலரின் திரையைச் சுட்டிக்காட்டிச் சொன்னார்: "மைனஸ் 4 தான் சார் காட்டுது. மைனஸ் 5 ஆனாத்தான் தானா ஐஸைக் கரைக்கும்னு சொல்லிட்டுப் போனாங்க."

என் தெர்மாமீட்டரின் முனையைக் காயில் குழாயோடு ஒட்டிக் கட்டி வைத்துப் பார்த்தபோது அது மைனஸ் 8 காட்டியது. அந்த 4 டிகிரி வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதுகிறேன். ஹீட் பம்ப் வைத்திருக்கும் விடுதி, மருத்துவமனை, மாணவர் இல்ல உரிமையாளர்களும், இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகளும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

ஹீட் பம்ப் என்பது குளிர்சாதனப் பெட்டியின் வேலையைத் திருப்பிச் செய்யும் இயந்திரம். வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை எடுத்துத் தண்ணீரில் சேர்க்கிறது. மலைப்பகுதியில் 15 டிகிரியில் வரும் 1,000 லிட்டர் தண்ணீரை 55 டிகிரிக்குச் சூடாக்க, சாதாரண ஹீட்டர் காயில் 46 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் எடுக்கும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பம் தரும் ஹீட் பம்ப் அதே வேலையை ஏறக்குறைய 16 யூனிட்டில் முடித்துவிடும். இயந்திரம் நல்ல நிலையில் இருந்தால்தான் இந்தச் சேமிப்பு. காயிலில் பனி கட்டிக்கொண்டால் கணக்கு தலைகீழாகிவிடும்.

அந்த விடுதியில் நடந்தது இதுதான். சில மாதங்களுக்கு முன் நியூட்ரல் இணைப்பு தளர்ந்து, 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 400 வோல்ட்டை நெருங்கி வந்ததில், இயந்திரத்தோடு வந்த கண்ட்ரோலர் போர்டு எரிந்துவிட்டது. அசல் போர்டு கிடைக்கத் தாமதமாகும் என்பதால், சந்தையில் கிடைக்கும் பொதுவான எலக்ட்ரானிக் கண்ட்ரோலர் ஒன்றைப் பொருத்தினார்கள். இதில் தவறே இல்லை. நானும் பல இடங்களில் அவ்வாறு பொருத்தியிருக்கிறேன். ஆனால் பழைய சென்சார்களை அப்படியே விட்டுவிட்டு, அவற்றின் வயர்களைப் புதிய போர்டில் சொருகிவிட்டார்கள். பழைய சென்சார், புதிய போர்டுக்கு உரிய சென்சார் இரண்டுமே 10 கிலோ ஓம் என்று எழுதியிருந்ததால், இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துவிட்டார்கள்.

இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். இங்கே பயன்படும் என்.டி.சி. சென்சார் என்பது சூடு ஏற ஏற மின்தடை குறையும், பாசிமணி போன்ற ஒரு சிறிய பாகம். 10 கிலோ ஓம் என்பது 25 டிகிரியில் மட்டும் அதற்கு உள்ள மின்தடை. மற்ற வெப்பநிலைகளில் அது எவ்வளவு வேகமாக ஏறி இறங்குகிறது என்பதை பீட்டா மதிப்பு என்ற இன்னொரு எண் தீர்மானிக்கிறது. சந்தையில் 3435 என்றும் 3950 என்றும் இரண்டு வகைகள் அதிகம் புழங்குகின்றன. பார்வைக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. அந்த இயந்திரத்தில் இருந்தவை 3435 வகை. புதிய போர்டோ 3950 வகைக்கு உரிய அட்டவணையோடு வந்தது.

பட்டறையில் மேசைமேல் வைத்துச் சோதித்தால், அறை வெப்பநிலை 25 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும்போது, இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும். எல்லாம் சரி என்றே யாருக்கும் தோன்றும். அங்கிருந்து விலக விலகப் பிழை வளர்கிறது. உண்மையில் 60 டிகிரி இருக்கும் தண்ணீரை அந்தப் போர்டு 55 என்று காட்டும். உண்மையில் 0 டிகிரி இருக்கும் காயிலை 3 என்று காட்டும். மைனஸ் 8 இருப்பதை மைனஸ் 4 என்று காட்டும். டிஃப்ராஸ்ட், அதாவது பனியைக் கரைக்கும் சுற்று, மைனஸ் 5-இல் தொடங்கி 12-இல் முடிய வேண்டும் என்று அமைத்திருந்தார்கள். உண்மையில் அது மைனஸ் 9-இல் தொடங்கி 10-இல் முடிந்திருக்கிறது. தாமதமாகத் தொடங்கி முன்கூட்டியே முடிந்ததால், கீழ்வரிசைக் குழாய்களில் ஒவ்வொரு இரவும் கொஞ்சம் பனி கரையாமல் மிஞ்சி, அடுத்த இரவில் அதன்மேல் புதுப்பனி ஏறி, பத்துப் பதினைந்து நாளில் அந்தச் சுவராக வளர்ந்துவிட்டது. இயந்திரத்துக்குள் சுற்றிவந்து வெப்பத்தைக் கடத்தும் கேஸ், காயிலில் ஆவியாக வேண்டியது, காற்றோட்டம் இல்லாததால் திரவமாகவே கம்ப்ரஸருக்குத் திரும்பியது. திரவம் உள்ளே போனால் எண்ணெயைக் கழுவிக்கொண்டு போய்விடும். அந்தக் கரகரப்பு அதன் அறிகுறிதான். அந்தக் கம்ப்ரஸரைக் காப்பாற்ற முடியவில்லை.

ஆகவே, கண்ட்ரோலர் மாற்றும்போது சென்சாரையும் அதற்கு உரியதாகவே மாற்றுங்கள்; அல்லது போர்டின் அமைப்பில் சென்சார் வகையைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறதா என்று பார்த்து, சரியானதைத் தேர்ந்தெடுங்கள். அதன்பின் ஒரு சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். ஒரு டம்ளரில் நொறுக்கிய ஐஸை நிரப்பி, இடைவெளிகள் நிறையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, கலக்கிவிட்டு, சென்சாரை நடுவில் ஐந்து நிமிடம் வைத்திருங்கள். திரை 0 காட்ட வேண்டும். பிறகு நம்பகமான தெர்மாமீட்டர் ஒன்றையும் சென்சாரையும் ஒன்றாகக் கட்டி, 55 அல்லது 60 டிகிரி வெந்நீரில் வைத்து ஒப்பிடுங்கள். கொதிக்கும் நீரை 100 டிகிரி என்று வைத்துக்கொள்ளாதீர்கள்: கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். இந்தச் சோதனைக்குக் கால் மணி நேரம்கூட ஆகாது. இதைச் செய்யாத பொருத்துதலை முடிந்த வேலையாக நான் ஏற்றுக்கொள்வதில்லை.

சென்சார் சரியாக இருந்தால் மட்டும் போதாது. அது இருக்கும் இடமும் சரியாக இருக்க வேண்டும். காயில் சென்சாரைப் பனி கடைசியாகக் கரையும் இடத்தில், பெரும்பாலும் அடிவரிசைக் குழாயில், செம்புக் கிளிப்பால் இறுக்கி, மேலே இன்சுலேஷன் சுற்ற வேண்டும். கைக்கு எட்டுகிறது என்பதற்காக மேல்வரிசையில் கட்டினால், டிஃப்ராஸ்டின்போது சூடான கேஸ் முதலில் வரும் அந்த இடம் சட்டென்று 12 டிகிரியைத் தொட்டுவிடும். கீழே பனி அப்படியே இருக்கும். டேங்கில், குளிர்ந்த நீர் நுழையும் கீழ்ப்பகுதியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் உள்ள சென்சார் குழிக்குள், ஹீட் சிங்க் பேஸ்ட் தடவிக் கடைசிவரை செருக வேண்டும். பாதியில் தொங்கும் சென்சார் தண்ணீரின் சூட்டை அளக்காது. குழிக்குள் இருக்கும் காற்றின் சூட்டைத்தான் அளக்கும்.

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். அந்த விடுதியின் பேனலைத் திறந்தபோது, கேஸின் அழுத்தம் அளவு மீறினால் கம்ப்ரஸரை நிறுத்தும் ஹை பிரஷர் சுவிட்சின் இரு முனைகளும் ஒரு சிறிய சிவப்பு வயரால் ஜம்பர் போடப்பட்டிருந்தன; அதாவது, சுவிட்ச் வேலை செய்யாதபடி நேரடியாக இணைக்கப்பட்டிருந்தன. காரணம் எளிதில் புரிந்தது. திரை 55 காட்டும்போது தண்ணீர் உண்மையில் 60-ஐத் தொட்டுக்கொண்டிருந்ததால், அழுத்தம் ஏறி அந்த சுவிட்ச் அடிக்கடி விழுந்திருக்கிறது. தொல்லை தாங்காமல் அதை இல்லாமலே ஆக்கிவிட்டார்கள். ஆர்-410ஏ கேஸ் 60 டிகிரியில் குளிர்ந்து திரவமாகும்போது அழுத்தம் 38 பாருக்கு அருகே இருக்கும். அந்த மாடிக்குக் கீழே குழந்தைகளோடு குடும்பங்கள் தூங்குகின்றன. அடிக்கடி விழும் பாதுகாப்பு சுவிட்ச் நமக்கு ஏதோ சொல்ல முயல்கிறது. அதன் வாயை அடைப்பதற்கு முன் காரணத்தைத் தேடுங்கள்.

ஹை பிரஷர், லோ பிரஷர், தண்ணீர் ஓட்டத்தைக் கவனிக்கும் ஃப்ளோ சுவிட்ச், மோட்டார் அதிக மின்னோட்டம் இழுத்தால் துண்டிக்கும் ஓவர்லோடு ஆகியவற்றைக் கண்ட்ரோலரின் உள்ளீட்டில் மட்டும் இணைத்துவிட்டு, மற்றதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடக் கூடாது. குறிப்பாக ஹை பிரஷர் சுவிட்சும் ஓவர்லோடும், கம்ப்ரஸருக்கு மின்சாரம் தரும் பெரிய சுவிட்சான காண்டாக்டரை இயக்கும் காயிலுக்குப் போகும் வயரிலேயே தொடராக இருக்க வேண்டும். போர்டு செயலிழந்து, அதிலுள்ள சிறு சுவிட்சான ரிலே ஒட்டிக்கொண்டாலும் அப்போது கம்ப்ரஸர் நிற்கும். காண்டாக்டரின் முனைகளே ஒட்டிக்கொண்டால் இதுவும் உதவாது என்பதால், ஆண்டுக்கு ஒருமுறை அவற்றைத் திறந்து பார்ப்பதும், டேங்கில் அழுத்தமும் சூடும் மிஞ்சினால் திறந்துகொள்ளும் ரிலீஃப் வால்வை நல்ல நிலையில் வைத்திருப்பதும் அவசியம்.

கண்ட்ரோலரின் ரிலே 10 ஆம்பியர் என்று எழுதியிருப்பதைப் பார்த்து அதில் கம்ப்ரஸரை நேரடியாக இணைப்பவர்களை இன்னும் பார்க்கிறேன். அந்த 10 ஆம்பியர் ஹீட்டர் போன்ற சுமைக்குச் சொல்லப்பட்டது. மோட்டார் தொடங்கும்போது இழுக்கும் மின்னோட்டம் அதைவிடப் பல மடங்கு. ரிலே காண்டாக்டரின் காயிலை மட்டும் இயக்கட்டும். நின்ற கம்ப்ரஸர் மீண்டும் தொடங்குவதற்குக் குறைந்தது 3 நிமிட இடைவெளி அமைத்திருக்கிறதா என்று பாருங்கள். முதலில் பம்ப் ஓடி, தண்ணீர் ஓட்டம் உறுதியான பிறகே கம்ப்ரஸர் தொடங்க வேண்டும். கேஸ் ஓடும் திசையைத் திருப்பும் ஃபோர்வே வால்வு, மின்சாரம் வந்தால் வெப்பத்துக்கு மாறுகிறதா, டிஃப்ராஸ்டுக்கு மாறுகிறதா என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடும். பழைய வயரிங் படத்தைப் பார்க்காமல் ஊகிக்காதீர்கள். மூன்று பேஸ் ஸ்க்ரோல் கம்ப்ரஸர் என்றால் பேஸ் வரிசை மாறிவிட்டால் எதிர்த்திசையில் சுற்றும். பேஸ் சீக்வன்ஸ் ரிலே இல்லாமல் விடக் கூடாது.

வயரிங்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய போர்டைக் கழற்றுவதற்கு முன் புகைப்படம் எடுத்து, ஒவ்வொரு வயருக்கும் எண் போடுங்கள். மெயினை அணைத்துப் பூட்டிய பின்பும், மீட்டரால் மின்சாரம் இல்லை என்று உறுதி செய்த பிறகே கை வையுங்கள். சென்சார் வயரும் மோட்டார் வயரும் ஒரே குழாயில் போகக் கூடாது. போர்டை முதலில் எரித்தது நியூட்ரல் பிரச்சினை என்பதால், அதிக வோல்ட்டேஜ் வந்தால் துண்டிக்கும் ரிலேயும், இடி மின்னலுக்கு எதிரான சர்ஜ் பாதுகாப்பும் போட்டோம். எர்த்தையும் அளந்து சரிசெய்தோம். இவை அரசு உரிமம் பெற்ற ஒயர்மேன் செய்ய வேண்டிய வேலைகள்.

வேலை முடிந்ததும் உரிமையாளர் முன்னிலையில் இயந்திரத்தைத் தவறு செய்ய வைத்துக் காட்டச் சொல்லுங்கள். டேங்க் சென்சாரின் வயரைக் கழற்றினால் திரை பிழைக்குறி காட்டிக் கம்ப்ரஸர் நிற்க வேண்டும். தண்ணீர் வால்வை மெல்ல மூடினால் ஃப்ளோ சுவிட்ச் நிறுத்த வேண்டும். அமைத்த எண்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி, பேனல் கதவின் உட்புறம் ஒட்டச் சொல்லுங்கள். அடுத்து வரும் மெக்கானிக்குக் கிடைக்கும் முதல் உதவி அதுதான்.

அந்த விடுதியில் புதிய கம்ப்ரஸரும் சரியான சென்சார்களும் போட்ட பின், கம்ப்ரஸரின் எண்ணெயைச் சூடாக வைத்திருக்கும் கிரேங்க் கேஸ் ஹீட்டரை முழு இரவும் ஓடவிட்டு மறுநாள்தான் இயக்கினோம். அடுத்த உறைபனி நாளில் விடியற்காலை நாலு மணிக்கு மீண்டும் மாடிக்குப் போனேன். திரை மைனஸ் 5 காட்டியது. என் தெர்மாமீட்டரும் மைனஸ் 5. ஃபேன் நின்றது. ஃபோர்வே வால்வு 'புஸ்' என்று மாறியது. இரண்டு நிமிடத்தில் தகடுகளிலிருந்து பனி சரிந்து விழத் தொடங்கியது. ஆறாவது நிமிடம் அடிவரிசைக் குழாய் ஈரமாகப் பளபளத்தது. 12 வந்ததும் ஃபேன் சுற்ற, காயிலிலிருந்து ஆவி மேலெழுந்தது. ஒரு குறை மட்டும் மிச்சம்: கரைந்த நீர் தட்டின் மூலையில் தேங்கி, மறுபடி உறையத் தொடங்கியிருந்தது. அன்று காலையே தட்டைச் சாய்த்து, வடிகால் துளையைப் பெரிதாக்கிவிட்டு இறங்கினோம்.