அடுக்களையில் மர ஐலேண்ட்: வெட்டும் பலகையை மேசையோடு சேர்த்து ஒட்டாதீர்கள்

அடுக்களை நடுவில் சுவரை ஒட்டாமல் நிற்கும் ஐலேண்ட் மேசை கேட்பவர்களில் பலர், மேல்பலகை முழுவதிலும் காய் நறுக்க முடிய வேண்டும் என்கிறார்கள். எங்கள் பரிந்துரை வேறு. மேசை தனி, வெட்டும் கட்டை தனி. 40 × 50 செ.மீ. அளவில், தூக்கி எடுத்துக் கழுவக்கூடிய ஒரு கட்டை போதும்.

காரணம் நம் ஊர் மழை. குமரியில் இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனிலிருந்து மரம் ஈரம் குடித்து அகலும். பிப்ரவரி, மார்ச்சில் சுருங்கும். நீளவாக்கில் அசைவு அநேகமாகத் தெரியாது. அகலவாக்கில் 60 செ.மீ. தேக்குப் பலகைகூடச் சில மில்லிமீட்டர் போய்வரும். அதைச் சட்டத்தோடு பசை போட்டு இறுக்கினால் நடுவில் பிளக்கும். மேல்பலகையைப் பிடிக்கும் திருகாணிக்கு வட்டத் துளைக்குப் பதிலாக, அகலவாக்கில் நீண்ட துளை போடச் சொல்லுங்கள். குளச்சல் போன்ற கடலோர ஊர் என்றால் எவர்சில்வர் திருகாணிதான். சாதா இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும், தேக்கில் கறுப்புக் கறையும் இறக்கும்.

சட்டத்துக்கு அயினி மரம் நன்றாக நிற்கும். ரப்பர் மரம் குலசேகரம் பக்கம் தாராளமாகக் கிடைக்கிறது, விலையும் குறைவு. ஆனால் மாவுச்சத்து மிகுந்த மரம். வெட்டிய சில நாளில் பூஞ்சையால் நீலம் பாய்ந்து வண்டு விழும். அதைத் தடுக்க போராக்ஸ், போரிக் அமிலம் ஏற்றுவார்கள். அது தண்ணீரில் கரைந்து வரும். எனவே காலுக்கும் தட்டுக்கும் ரப்பர் மரம் போடலாம், மீன் நறுக்கும் இடத்தில் வேண்டாம்.

வெட்டும் கட்டைக்குப் புளி, அல்லது வெள்ளை (வெளி ஓரத்து வெளிறிய மரம்) இல்லாத தேக்கு. இறைச்சிக் கடைப் புளியங்கட்டையைப் பாருங்கள்: வளையம் தெரியும் குறுக்குமுகம்தான் மேலே இருக்கும். கத்தி நாரை அறுக்காமல் நார்களுக்கு இடையே இறங்குவதால் தடமும் குறைவு, முனையும் சீக்கிரம் மழுங்காது. வீட்டுக்கு 4 செ.மீ. சதுரத் துண்டுகளை ஒட்டி, 5 செ.மீ. கனத்தில் செய்யலாம். பசை, ஈரம் தாங்கும் டி3 (D3) அல்லது டி4 (D4) தரம் என்று டப்பாவில் பார்த்து வாங்குங்கள். சாதாரண வெள்ளைப் பசை ஈரத்தில் விட்டுவிடும். ஒட்டும் முன் ஈரமானி வைத்து அளந்தால் மரத்தின் ஈரம் 12 முதல் 14 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

உயரம், நறுக்குபவரின் முழங்கைக்கு 10–15 செ.மீ. கீழே. நம் பெண்கள் பலருக்கு 80–85 செ.மீ. சரியாக வரும். கட்டையின் கனத்தையும் சேர்த்து அளக்க மறக்காதீர்கள். சுற்றிலும் ஒரு மீட்டர் நடைவழி விடுங்கள்.

வெட்டும் பக்கத்தில் வார்னிஷ், பாலிஷ் எதுவும் கூடாது. கத்தி பட்டு உரிந்து கறியில் விழும். தேங்காயெண்ணெய் பூசுவது இங்கே வழக்கம், நாளாவட்டத்தில் சிக்கு வாடை வரும். மருந்துக் கடையில் உட்கொள்ளும் தரத்தில் கிடைக்கும், வேறு எதுவும் கலக்காத லிக்விட் பாரஃபின் நல்லது. ஒரு பக்கம் மட்டும் பூசினால் கட்டை வளையும்; இரு பக்கமும், ஓரங்களிலும் பூசுங்கள். முதல் வாரம் தினமும், பிறகு மாதம் ஒருமுறை.

மீனுக்குத் தனிப் பலகை வையுங்கள். தேங்காய் உடைப்பதை இந்த ஒட்டுக் கட்டையின்மேல் செய்ய வேண்டாம், ஒட்டு விட்டுப்போகும். சக்கைப் (பலாப்பழ) பசை பிடித்தால் எண்ணெய் தொட்டுத் துடைத்தபின் சோப்பு போடுங்கள். தொட்டியில் ஊற வைக்காமல் உடனே கழுவி, சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். தடம் ஆழமானால் 80, 120, 220 எண் உப்புத்தாள்களால் வரிசையாகத் தேய்த்து, தண்ணீர் தெளித்துக் காயவிட்டு, எழும்பும் நாரை 220-ஆல் மறுபடி தேய்த்து எண்ணெய் கொடுங்கள்.