நான்கு வரி எழுத்தும் இறக்குமதி வரியும்

வெளிநாட்டுக்குப் போகும் பார்சல் விமானம் ஏறும் முன்பே, அதைப் பற்றிய தகவல் அந்த நாட்டுச் சுங்கத்துறையின் கணினிக்குப் போய்விடுகிறது. தபாலில் போகும் சரக்குகளுக்கு இந்த முன்கூட்டிய மின்னணுத் தகவலை உலக அஞ்சல் ஒன்றியம் 2021 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கியது. கூரியர் நிறுவனங்கள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இதைச் செய்துவருகின்றன. சுங்க அதிகாரி பெட்டியைப் பிரித்துப் பார்ப்பது அபூர்வம். என்ன பொருள், எவ்வளவு மதிப்பு, எங்கே தயாரானது, வரியை யார் கட்டுவது என்ற நான்கு வரிகளைப் படித்துவிட்டுத்தான் பார்சலை விடுவதா, நிறுத்துவதா, எவ்வளவு வசூலிப்பது என்று முடிவாகிறது. இணையத்தில் விற்கும் சிறு வியாபாரிக்கு வரும் சிக்கல்களில் பெரும்பகுதி இந்த நான்கு வரிகளைச் சரியாக எழுதாததால் வருபவை. அதாவது, தவிர்க்கக்கூடியவை.

முதல் வரி, பொருளின் பெயர். சிறிய தபால் பொட்டலத்தில் ஒட்டும் சிறிய படிவத்தின் பெயர் சி.என். 22. உள்ளே இருக்கும் சரக்கின் மதிப்பு 300 எஸ்.டி.ஆருக்கு மேல் போனால் அதைவிடப் பெரிய சி.என். 23 வேண்டும், எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. இரண்டிலும் ‘உள்ளடக்கம்’ என்று ஓர் இடம் உண்டு. அங்கே ‘துணி’, ‘பரிசு’, ‘சாம்பிள்’, ‘உதிரிபாகம்’ என்று ஒற்றைச் சொல்லில் எழுதி முடிப்பவர்கள் ஏராளம். ஐரோப்பிய ஒன்றியத்தின் மென்பொருள் இப்படிப்பட்ட பொத்தாம்பொதுவான சொற்களைக் கண்டால் தகவலையே ஏற்காமல் திருப்பிவிடும். தகவல் ஏற்கப்படவில்லை என்றால் பார்சல் புறப்பட்ட நாட்டிலேயே உட்கார்ந்திருக்கும். டிராக்கிங்கில் பல நாள் ஒரே நிலை காட்டினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

‘பருத்தி நூலில் பின்னிய ஆண்கள் டீ-சர்ட், 3 எண்ணம்’ என்று எழுதினால் வேலை முடிந்தது. பொருள் என்ன, எதனால் ஆனது, எதற்கு, எத்தனை என்ற நான்கும் அதில் வந்துவிடுகின்றன. கூடவே ஒரு சின்னக் கணக்கையும் சரிபாருங்கள்: ஒவ்வொரு பொருளின் நிகர எடையையும் கூட்டினால் வருவது மொத்த எடையைவிட அதிகமாக இருக்கக் கூடாது. பெட்டியோடு சேர்த்து 700 கிராம் இருக்கும் பார்சலில் மூன்று சட்டைகளுக்குத் தலா 250 கிராம் என்று எழுதினால் 750 ஆகிவிடும். கணினி அதையும் பிழை என்றே எடுத்துக்கொள்ளும்.

பெயருக்குப் பக்கத்தில் எச்.எஸ். குறியீடு எழுத வேண்டும். பிரஸ்ஸல்ஸில் இருக்கும் உலக சுங்க அமைப்பு பராமரிக்கும் இந்தப் பட்டியல் 1988 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. உலகத்தில் விற்கப்படும் எந்தப் பொருளும் இதில் ஏதாவது ஓர் ஆறு இலக்க எண்ணுக்குள் அடங்கிவிடும். முதல் இரண்டு இலக்கம் அத்தியாயம், நான்கு சேர்ந்தால் தலைப்பு, ஆறு சேர்ந்தால் உட்தலைப்பு. ஆறு வரை எல்லா நாடுகளுக்கும் பொது. அதற்கு மேல் அவரவர் விருப்பம். இந்தியா 8 இலக்கம் வரை போகிறது, அமெரிக்கா 10 வரை போகிறது.

ஒரு டீ-சர்ட்டை எடுத்துப் பார்ப்போம். பின்னலாடை என்பதால் 61ஆம் அத்தியாயம்; தறியில் நெய்த துணியாக இருந்திருந்தால் 62. டீ-சர்ட்டின் தலைப்பு எண் 6109. பருத்தி என்றால் 6109.10, வேறு இழை என்றால் 6109.90. கடைசி இரண்டு இலக்கம்தானே என்று விட்டுவிட முடியாது. அமெரிக்காவின் வழக்கமான விகிதப்படி பருத்தி டீ-சர்ட்டுக்கு 16.5 சதவீதம், பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழை டீ-சர்ட்டுக்கு 32 சதவீதம். 2025 முதல் அவ்வப்போது மாறிவரும் கூடுதல் வரிகள் இருந்தால் அவை இதற்கு மேல் தனி. கலப்புத் துணியில் எந்த இழை எடையில் அதிகமோ அதுவே கணக்கு: 60 சதவீதம் பருத்தி, 40 சதவீதம் பாலியெஸ்டர் என்றால் அது பருத்திச் சட்டை, விகிதம் தலைகீழானால் வரி ஏறக்குறைய இரட்டிப்பு. இழை விகிதத்தை எழுதாமல் விட்டால் அதிகாரி ஊகிக்க வேண்டியிருக்கும். அந்த ஊகம் உங்கள் பக்கம் சாயும் என்று நம்பி வியாபாரம் செய்ய முடியாது.

இரண்டாவது வரி, மதிப்பு. உலக வர்த்தக அமைப்பின் மதிப்பீட்டு ஒப்பந்தப்படி, பொருளுக்கு உண்மையில் கொடுத்த அல்லது கொடுக்க வேண்டிய விலைதான் சுங்க மதிப்பு. பெரும்பாலான நாடுகள் அதோடு சரக்குக் கட்டணத்தையும் காப்பீட்டையும் கூட்டிக்கொள்கின்றன, இதற்கு சி.ஐ.எஃப். முறை என்று பெயர். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்றவை அவற்றைச் சேர்க்காமல் பொருளின் விலைக்கு மட்டும் சுங்கவரி கணக்கிடுகின்றன.

ஜெர்மனிக்குப் போகும் ஒரு பார்சலை வைத்துக் கணக்குப் போடலாம். பருத்தி டீ-சர்ட் 10, ஒன்று 16 யூரோ. ஆக 160 யூரோ. அனுப்பும் செலவு 30. மொத்தம் 190. டீ-சர்ட்டுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுச் சுங்கவரி 12 சதவீதம், அதாவது 22.80 யூரோ. இப்போது மதிப்புக் கூட்டு வரி 19 சதவீதம். இதை 190க்குப் போடக் கூடாது. சுங்கவரியையும் சேர்த்த 212.80க்குப் போட வேண்டும். 40.43 வருகிறது. இரண்டும் சேர்ந்து 63.23 யூரோ. 190க்கு வாங்கியவர் அதில் மூன்றில் ஒரு பங்கை மேலும் கட்டியாக வேண்டும். 12ஐயும் 19ஐயும் கூட்டி 31 சதவீதம் என்று மனக்கணக்குப் போட்டால் 58.90 என்றுதான் வரும். வரிக்கு மேல் வரி ஏறுவதால்தான் இந்த வித்தியாசம்.

இந்த இடத்தில்தான் வாங்குபவரிடமிருந்து ‘மதிப்பைக் குறைத்துப் போடுங்கள்’, ‘பரிசு என்று எழுதுங்கள்’ என்ற வேண்டுகோள் வரும். தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். படிவத்தில் கையெழுத்திடுபவர் விற்பவர்; பொய்யான அறிவிப்புக்குப் பொறுப்பும் அவர்தான். பெறுபவரே காசு கொடுத்து வாங்கிய எதுவும் சட்டப்படி பரிசு ஆகாது. கண்டுபிடிப்பதும் கடினமல்ல: 20 என்று மதிப்பு எழுதிவிட்டு 200க்குக் காப்பீடு செய்திருப்பார்கள், அல்லது அதே பொருளின் விலை விற்பவரின் இணையதளத்திலேயே இருக்கும். பார்சல் தொலைந்தால் நஷ்டஈடும் எழுதிய மதிப்புக்கு மேல் கிடைக்காது. தள்ளுபடி விஷயத்தில் மட்டும் பயப்பட வேண்டாம். வாங்கும்போதே கொடுத்த தள்ளுபடியை இன்வாய்ஸில் தனியாகக் காட்டினால், குறைந்த விலையே சுங்க மதிப்பாக ஏற்கப்படும். பழுதுக்கு மாற்றாக இலவசமாக அனுப்பும் பொருளுக்கு 0 என்று எழுதக் கூடாது. அதன் நியாயமான விலையை எழுதி, மாற்றுப் பொருள் என்று குறிப்பிட வேண்டும்.

மூன்றாவது வரியில் அதிகம் பேர் தவறுகிறார்கள். ‘தயாரான நாடு’ என்பது பார்சல் புறப்பட்ட நாடு அல்ல. பிரிட்டனுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையே சுங்கவரி இல்லாத ஒப்பந்தம் இருக்கிறது என்பதை நம்பி, லண்டனிலிருந்து ஒருவர் 200 யூரோ சட்டைகளைப் பாரிஸுக்கு அனுப்புகிறார். சட்டை சீனாவில் தைத்தது. ஒப்பந்தச் சலுகை பிரிட்டனிலோ ஒன்றியத்திலோ உருவான பொருளுக்கு மட்டுமே. எனவே 12 சதவீதம் கட்டியாக வேண்டும். வாங்கிய சட்டையில் படம் அச்சிடுவதும், புதுப் பெட்டியில் போடுவதும், லேபிள் ஒட்டுவதும் பொதுவாகப் பிறப்பிடத்தை மாற்றாது. பொருளின் தன்மையே மாறும் அளவுக்கு வேலை நடந்திருக்க வேண்டும். உள்ளபடியே சலுகைக்குத் தகுதி இருந்தாலும், அது தானாகக் கிடைத்துவிடாது. ஒப்பந்தம் கேட்கும் பிறப்பிட அறிவிப்பு வாசகம் இன்வாய்ஸில் இருக்க வேண்டும்.

நான்காவது வரிக்குப் போகும் முன், வரிவிலக்கு வரம்பு என்ற ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு பார்சலுக்கு வரி வசூலிக்க ஆகும் செலவு வரியைவிட அதிகமானால் விட்டுவிடுவதே லாபம் என்பதுதான் அதன் அடிப்படை. அமெரிக்கா 1938இல் இதை 1 டாலரில் தொடங்கி, 2016இல் 200 டாலரிலிருந்து 800 டாலருக்கு உயர்த்தியது. பத்தாண்டுகூட நிலைக்கவில்லை. இணைய வணிகம் பெருகியதும் ‘சில்லறைப் பார்சல்’ என்று விட்டதெல்லாம் சேர்ந்து மலையாகிவிட்டது. 2025 மே 2 முதல் சீனா, ஹாங்காங் பொருட்களுக்கும், ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாட்டுப் பொருட்களுக்கும் அந்தச் சலுகையை அமெரிக்கா நிறுத்தியது. வரியை யார் வசூலித்து யாரிடம் கட்டுவது என்பது தெளிவாகாததால், பல நாட்டு அஞ்சல் துறைகள் அமெரிக்காவுக்கான சரக்குப் பார்சல்களைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தன. விகிதம் தெரிந்திருந்தும் வசூலிக்க வழி இல்லாமல் பார்சல் நின்றது.

ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரையிலான மதிப்புக் கூட்டு வரி விலக்கை 2021 ஜூலை 1இல் நீக்கியது. 150 யூரோ வரை சுங்கவரி மட்டும் கிடையாது என்ற சலுகை அதன் பிறகும் தொடர்ந்தது. அந்த 150இல் சரக்குக் கட்டணம் சேராது, ஆனால் இன்வாய்ஸில் அதைத் தனியாகக் காட்டியிருக்க வேண்டும். ‘அனுப்பும் செலவு உட்பட 155’ என்று ஒரே தொகையாக எழுதியவர் வரம்பைத் தாண்டியவராகிறார். ‘பொருள் 140, அனுப்ப 15’ என்று எழுதியவர் தாண்டவில்லை. இந்தச் சிறு பார்சல்களுக்கும் 2026 ஜூலை 1 முதல் ஒவ்வொரு பொருள் வகைக்கும் தலா 3 யூரோ சுங்கவரி விதிக்க உறுப்பு நாடுகள் 2025 டிசம்பரில் ஒப்புக்கொண்டன. இதன்படி, ஒரே வகையில் பத்துச் சட்டை அனுப்புவதும், சட்டை, பை, மெழுகுவத்தி என்று மூன்று வகையை ஒரே பெட்டியில் அனுப்புவதும் வேறு வேறு கணக்காகிவிடும்.

சரி, வரியை யார் கட்டுவது? டி.ஏ.பி. முறையில் பொருள் வந்து சேரும்போது வாங்குபவர் கட்டுகிறார். டி.டி.பி. முறையில் விற்பவரே முன்கூட்டிக் கட்டிவிடுகிறார். டி.ஏ.பி. விற்பவருக்கு எளிது, வாங்குபவருக்குக் கசப்பு. வரியோடு, அதைச் சுங்கத்துக்கு முன்பணமாகக் கட்டியதற்கும் கையாண்டதற்கும் கூரியர் தனிக் கட்டணம் போடும். அது பெரும்பாலும் ஒரு குறைந்தபட்சத் தொகையாக இருக்கும். விலை குறைந்த பொருளுக்கு வரியையே தாண்டிவிடும். இதைப் பார்த்ததும் பலர் பார்சலை வாங்க மறுக்கிறார்கள். பிறகு திரும்பி வரும் செலவு விற்பவர் தலையில். உங்கள் பொருள் பக்கத்திலேயே ‘வரி உங்களுடையது’ அல்லது ‘வரி விலையில் அடக்கம்’ என்று இரண்டில் ஒன்றைத் தெளிவாக எழுதிவிடுவது நேர்மையும் மலிவும்.

மூன்றாவது வழியும் உண்டு: விற்கும்போதே வரியை வாங்கி, பின்னர் மொத்தமாகக் கட்டுவது. ஆஸ்திரேலியா 2018 ஜூலை 1 முதல் 1000 ஆஸ்திரேலிய டாலர் வரையிலான பொருட்களுக்கு 10 சதவீத வரியை இப்படி வசூலிக்கிறது. ஆண்டுக்கு 75,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் அங்கே விற்பவர் பதிவு செய்ய வேண்டும். ஐரோப்பாவில் இதன் பெயர் ஐ.ஓ.எஸ்.எஸ். ‘ஐ.எம்.’ என்ற இரண்டு எழுத்தும் 10 இலக்கமும் கொண்ட ஒரு பதிவு எண் தருவார்கள். சந்தைத் தளம் வழியாக விற்றால் அந்தத் தளமே வரியை வசூலிக்கும், அதன் எண்ணையே நீங்கள் பயன்படுத்த வேண்டும். எண்ணை மின்னணுத் தகவலில் அனுப்பாமல் பெட்டியின் மேல் மட்டும் எழுதிவிடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. சுங்கத்தின் கணினிக்குப் பெட்டியின் மேல் இருப்பது தெரியாது. விளைவு, வாங்குபவர் கடையிலும் கட்டி, வாசலிலும் கட்டுகிறார்.

வாசலில் கட்டச் சொல்லும் குறுஞ்செய்திகளில் மோசடியும் கலந்திருக்கிறது. தபால் எண்ணைச் சரிபார்க்க ஒரு நல்ல வழி உண்டு. பன்னாட்டுத் தபாலின் 13 எழுத்து எண்ணில் முதல் இரண்டும் கடைசி இரண்டும் எழுத்துகள், நடுவில் 9 இலக்கம். ஒன்பதாவது இலக்கம் முதல் எட்டிலிருந்து கணக்கிடப்படுவது. அந்த எட்டையும் வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். 11ஆல் வகுத்து மீதியை 11இலிருந்து கழியுங்கள். 12345678 என்றால் கூட்டுத்தொகை 204, மீதி 6, விடை 5. எனவே 123456785 சரியான எண். விடை 10 வந்தால் 0, 11 வந்தால் 5 என்று கொள்ள வேண்டும். கணக்கு ஒத்துவராத எண் நிச்சயமாகப் பொய். ஒத்துவந்தாலும் செய்தியில் உள்ள இணைப்பைத் தொடாதீர்கள். அஞ்சல் துறையின் தளத்துக்கு நீங்களே போய் எண்ணைத் தட்டச்சு செய்யுங்கள்.

வரி கட்டியும் நுழைய முடியாத பொருட்கள் வேறு. லித்தியம்-அயான் பேட்டரியைத் தனியாகப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016 ஏப்ரல் 1 முதல் தடை. கருவிக்குள் பொருத்திய பேட்டரிக்கு விதி தளர்வு. ஆனாலும் அஞ்சல் துறைக்குத் துறை மாறும், முன்பே கேட்டுவிட வேண்டும். முதலைத் தோல், மலைப்பாம்புத் தோல் பொருட்களுக்கு அழியும் உயிரினங்களுக்கான சைட்டீஸ் ஒப்பந்த அனுமதி தேவைப்படும். 6 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த மரப்பலகையில் பெட்டி செய்தால், பூச்சி அழிப்பு செய்ததைக் காட்டும் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை இருக்க வேண்டும். ஒட்டுப்பலகைக்கு அது வேண்டாம்.

கடைசியாக, திருப்பி அனுப்பப்படும் பொருள். நாட்டுக்குள் நுழையும் எதையும் சுங்கத்துறை இறக்குமதியாகவே பார்க்கும், அது உங்கள் கையால் செய்த சட்டையாக இருந்தாலும். வரி இல்லாமல் திரும்பப் பெற, போனதும் வந்ததும் ஒரே பொருள் என்று காட்ட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு 3 ஆண்டு அவகாசம் தருகிறது. அனுப்பிய அன்றைய இன்வாய்ஸ், டிராக்கிங் எண், பொருளின் புகைப்படம் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். திருப்பி அனுப்பும் வாடிக்கையாளரிடம் ‘திரும்பி வரும் பொருள்’ என்ற வாசகத்தையும் பழைய டிராக்கிங் எண்ணையும் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். அவர் முன்பு கட்டிய சுங்கவரியைத் திரும்பக் கேட்கவும் அதே தாள்கள்தான் வேண்டும். ஐ.ஓ.எஸ்.எஸ். வழியாக வாங்கிய வரி என்றால் அவர் சுங்கத்தை நாட வேண்டியதில்லை. நீங்கள் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உங்கள் மாதக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம்.