கைக்கு வராத போனசும் தீபாவளிக் கடனும்

சிங்கப்பூரில் கடன் ஆலோசகராக நான் சந்திக்கும் தமிழ்க் குடும்பங்கள் தீபாவளிக்கு முன்பு வருவதில்லை. தீபாவளி முடிந்த மறுவாரமும் வருவதில்லை. பெரும்பாலும் பிப்ரவரியிலோ மார்ச்சிலோதான் வருகிறார்கள். "தீபாவளிக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகிவிட்டது" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். ஆனால் கிரெடிட் கார்டு கணக்கை மாதவாரியாகப் பிரித்துப் பார்க்கும்போது, தீபாவளி அதில் ஒரு பங்குதான் என்பது தெரியவருகிறது. நவம்பர் பிற்பகுதியில் பள்ளி விடுமுறை தொடங்கியதும் திருச்சிக்கோ சென்னைக்கோ எடுத்த விமானச் சீட்டு, ஊரில் உள்ள உறவுகளுக்கு வாங்கிச் சென்ற பொருள்கள், ஜனவரியில் பிள்ளைகளின் பாடநூல்களும் சீருடையும், அதே மாதத்தின் நடுவில் வந்த பொங்கல் ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாக அதே அட்டையில் ஏறியிருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமான செலவுதான். அவை மூன்று மாதங்களுக்குள் அடுத்தடுத்து வருவதையும், எல்லாவற்றையும் ஒரே வருமானத்தை நம்பிச் செய்வதையும்தான் பலர் கவனிப்பதில்லை.

அந்த ஒரே வருமானம் ஆண்டிறுதிப் போனஸ். சிங்கப்பூரில் இப்படிப் போனசாகத் தரும் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் என்பது சட்டம் கட்டாயமாக்கிய ஒன்றல்ல; வேலை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தால்தான் உறுதி. கிடைக்கும் இடங்களிலும் பெரும்பாலும் டிசம்பர்ச் சம்பளத்தோடுதான் வருகிறது. தீபாவளியோ 2024ஆம் ஆண்டில் அக்டோபர் 31ஆம் தேதியும், 2025இல் அக்டோபர் 20ஆம் தேதியும் வந்தது. அக்டோபரில் அட்டையைத் தேய்த்து வாங்கியவற்றுக்கான பில்லை நவம்பரில் கட்டியாக வேண்டும். போனஸ் வருவதற்கு அதற்குப் பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும். அந்த இடைவெளியில் "இந்த மாதம் மட்டும் குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவிட்டு, டிசம்பரில் மொத்தத்தையும் அடைத்துவிடலாம்" என்று எடுக்கும் முடிவிலிருந்துதான் நான் பார்த்த கடன்களில் பெரும்பாலானவை தொடங்கியிருக்கின்றன.

போனசைக் கணக்கிடும் முறையிலும் ஒரு பிழை இருக்கிறது. மாதச் சம்பளம் 3,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றால், போனசும் 3,000 வெள்ளி என்றே மனத்தில் பதிந்துவிடுகிறது. ஆனால் 55 வயதுக்குட்பட்ட குடிமகன் ஒருவரின் போனசிலிருந்தும் அவருடைய பங்காக 20 விழுக்காடு கட்டாயச் சேமிப்பான மத்திய சேம நிதிக்குப் போய்விடும். கைக்கு வருவது 2,400 வெள்ளிதான். அது வருவதற்கு முன்பே கணவர் அதை விமானச் சீட்டுக்கென்றும், மனைவி தீபாவளிக் கடனுக்கென்றும், இருவருமே பிள்ளையின் துணைப்பாட வகுப்புக்கென்றும் ஒதுக்கி வைத்திருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஒரே பணத்தை மூன்று செலவுகளுக்கு எண்ணி வைத்திருக்கிறோம் என்பது, சேர்ந்து உட்கார்ந்து பேசாததால் இருவருக்குமே தெரியாமல் போய்விடுகிறது.

குறைந்தபட்சத் தொகை கட்டுவதன் விளைவைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படித்தவர்கள்கூட இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. பல வங்கிகளில் குறைந்தபட்சத் தொகை என்பது பாக்கியில் 3 விழுக்காடு அல்லது 50 வெள்ளி, இவற்றில் எது அதிகமோ அது. அட்டைக் கடனுக்கான வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 27 விழுக்காடு, அதாவது மாதத்துக்கு இரண்டே கால் விழுக்காடு. பாக்கி 4,000 வெள்ளியாக இருந்தால், நீங்கள் கட்டும் 120 வெள்ளியில் 90 வெள்ளி வட்டிக்கே போய்விடும்; அசலில் குறைவது வெறும் 30 வெள்ளி. அட்டையை மீண்டும் தொடாமல், மாதந்தோறும் கேட்கும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால், இந்த 4,000 வெள்ளி தீர்வதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். வட்டியாக மட்டும் ஏறத்தாழ 8,000 வெள்ளி கட்டியிருப்பீர்கள். அதே கடனுக்கு மாதம் 400 வெள்ளி என்று நிலையாக வைத்துக் கட்டினால், பன்னிரண்டு மாதங்களுக்குள் முடிந்துவிடும். வட்டி 600 வெள்ளிக்குள் அடங்கிவிடும். இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். ஒரு மாதப் பில்லை முழுமையாகக் கட்டாவிட்டால், அதன் பிறகு வாங்கும் பொருள்களுக்கும் வட்டியில்லாத நாள்கள் கிடைப்பதில்லை. டிசம்பரில் வாங்கும் அரிசிக்கும் பருப்புக்கும்கூட வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறத் தொடங்கும். அட்டையிலிருந்து ரொக்கம் எடுப்பது இதைவிட மோசம். எடுக்கும்போதே கட்டணமும் பிடித்துவிடுவார்கள்.

செலவைக் குறைப்பது பற்றிப் பேசும்போது, பண்டிகையே வேண்டாம் என்று சொல்லும் ஆலோசகர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வேற்று மண்ணில் தலைமுறைகளாக வாழும் நமக்குத் தீபாவளி ஆண்டில் ஒருமுறை எல்லாரையும் ஒரே வீட்டில் சேர்க்கும் நாள். 1972 முதல் பட்டாசுக்குத் தடை இருப்பதால், தமிழ்நாட்டுக் குடும்பங்களின் பெரிய செலவு ஒன்று நமக்கு இல்லவும் இல்லை. முறுக்கும் அதிரசமும் எந்தக் குடும்பத்தையும் கடனாளி ஆக்கியதாக நான் பார்த்ததில்லை. பணம் போவது வேறு இடங்களில். பண்டிகைக்கு முன் புதிய சோபா, புதிய தொலைக்காட்சி என்று வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை மாற்றியமைப்பது ஒன்று. சிராங்கூன் சாலை நகைக்கடையில், கையில் உள்ள பணத்தைவிடச் சற்றுக் கூடுதலான எடையில் வளையலைத் தேர்ந்தெடுத்து மீதியை அட்டையில் போடுவது மற்றொன்று. நகைக்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் செய்கூலியும் உண்டு. அவை விற்கும்போது திரும்பி வருவதில்லை. எனவே "தங்கம்தானே, சேமிப்புதானே" என்ற சமாதானம், அட்டைக் கடனில் வாங்கிய தங்கத்துக்குப் பொருந்தாது.

ஊர்ப் பயணம் இதைவிடக் கடினமானது, ஏனென்றால் அதில் பாசமும் மானமும் கலந்திருக்கின்றன. சிங்கப்பூரிலிருந்து வருபவர் வெறுங்கையோடு வரக் கூடாது என்று ஊரில் எதிர்பார்ப்பதைவிட, வெறுங்கையோடு போகக் கூடாது என்று நாம் நினைப்பதுதான் அதிகம். டிசம்பர் விடுமுறையில் விமானக் கட்டணம் எவ்வளவு ஏறும் என்பது எல்லாருக்கும் தெரியும். நான்கு பேர் குடும்பத்துக்கு அந்தச் சீட்டுகளே பெருந்தொகை ஆகிவிடும். அதற்குமேல் பெட்டி நிறைய வாசனைத் திரவியமும் சாக்லேட்டும் சேரும். கடன் அடைக்கும் ஆண்டில் பயணத்தை ஜூன் மாதத்துக்கோ அடுத்த ஆண்டுக்கோ தள்ளிவைக்கும்படி நான் தயங்காமல் சொல்கிறேன். பெற்றோரிடம் காரணத்தை வெளிப்படையாகச் சொன்னால், அவர்கள் புரிந்துகொள்கிறார்கள். சொல்லாமல் மறைத்தவர்களின் பெற்றோர்தான், பின்னால் உண்மை தெரிந்தபோது "முன்பே சொல்லியிருக்கலாமே" என்று வருந்தியதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன்.

தீபாவளி அங் பாவ், அதாவது உறையில் வைத்துக் கொடுக்கும் அன்பளிப்புப் பணம் பற்றியும் ஒரு வார்த்தை. உறவினர், நண்பர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் தொகையை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தாளில் கூட்டிப் பார்க்கும்போது பலர் வியந்துபோகிறார்கள்.

இணையக் கடைகள் நவம்பர் 11, டிசம்பர் 12 ஆகிய நாள்களில் நடத்தும் 11.11, 12.12 விற்பனைகளில் "இப்போது வாங்கி, பிறகு கட்டுங்கள்" என்ற முறை இளையர்களிடம் வேகமாகப் பரவியுள்ளது. வட்டி இல்லை என்பதால் அது கடனே இல்லை என்று எண்ணுகிறார்கள். இந்த முறையை வழங்கும் நிறுவனங்களுக்காக 2022இல் வெளிவந்த நடத்தை விதிகளின்படி, கூடுதல் மதிப்பீடு செய்யாமல் ஒரு நிறுவனம் ஒருவருக்கு 2,000 வெள்ளிக்குமேல் பாக்கி வைக்க விடக் கூடாது. ஆனால் அந்த வரம்பு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனி. மூன்று செயலிகளில் கணக்கு வைத்திருப்பவரின் மொத்தப் பாக்கியை அவரேதான் கூட்டிப் பார்க்க வேண்டும். தவணை தவறினால் தாமதக் கட்டணமும் உண்டு.

ஏற்கெனவே கடன் சேர்ந்துவிட்டவர்கள் முதலில் செய்ய வேண்டியது, எல்லாக் கடன்களையும் ஒரே தாளில் எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் வட்டி விகிதத்தை எழுதுவது. தொகை பெரியதாக இருக்கும் கடனைக் கண்டு அஞ்சுவதைவிட, வட்டி அதிகமான கடனை முதலில் அடைப்பதே பணத்தை மிச்சப்படுத்தும். மற்றவற்றுக்குக் குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டிவிட்டு, மீதி உள்ள ஒவ்வொரு வெள்ளியையும் அதில் போட வேண்டும். அட்டைப் பாக்கியை வேறொரு வங்கிக்கு மாற்றிக் குறிப்பிட்ட மாதங்களுக்கு வட்டியின்றிக் கட்ட வங்கிகள் தரும் கடன் மாற்றுத் திட்டம், ஆறு மாதத்திலோ பன்னிரண்டு மாதத்திலோ முழுவதையும் அடைக்க முடியும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்களுக்கு உதவும். ஆனால் காலியான பழைய அட்டையில் மீண்டும் செலவு செய்பவருக்கு ஓராண்டு முடிவில் இரண்டு கடன்கள் நிற்கும்.

நகையை அடகு வைப்பது நம்மவர்களுக்குப் பெரும் அவமானமாகத் தோன்றுகிறது. கணக்குப்படி பார்த்தால், உரிமம் பெற்ற அடகுக்கடையின் வட்டி மாதம் 1.5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அது அட்டை வட்டியைவிடக் குறைவு. வீட்டில் சும்மா இருக்கும் நகையை வைத்து அட்டைக் கடனை மூடுவதில் தவறில்லை என்பதே என் கருத்து. மீட்பதற்கான தவணை ஆறு மாதம். அதற்குள் மீட்கவோ வட்டி கட்டிப் புதுப்பிக்கவோ தவறினால், நகை கைவிட்டுப் போய்விடும். திருமணத்துக்கு அம்மா போட்ட நகை என்றால், அந்தத் தேதியை நாள்காட்டியில் குறித்து வைத்த பிறகே கடைக்குப் போங்கள்.

உரிமம் பெற்ற கடன்கொடுப்போரிடம் போவதற்கு முன்பு பலமுறை யோசிக்க வேண்டும். மாத வட்டி 4 விழுக்காடு வரை இருக்கலாம். அதோடு கடன்தொகையில் 10 விழுக்காடு வரை நிர்வாகக் கட்டணமும் பிடிக்கலாம். 2,000 வெள்ளி கடன் வாங்கினால், கையில் 1,800 வெள்ளியே கிடைக்கக்கூடும். வட்டியோ 2,000 வெள்ளிக்கு ஓடும். ஆண்டு வருமானம் 20,000 வெள்ளிக்குக் குறைவாக உள்ள குடிமக்களும் நிரந்தரவாசிகளும் இத்தகையோர் அனைவரிடமும் சேர்த்து 3,000 வெள்ளிதான் வாங்க முடியும். வெளிநாட்டு ஊழியரின் ஆண்டு வருமானம் 10,000 வெள்ளிக்குக் குறைவு என்றால் வரம்பு 500 வெள்ளி.

அந்த வரம்புக்குமேல் தருவதாக வாட்ஸ்அப்பிலோ குறுஞ்செய்தியிலோ யாராவது வந்தால், அவர் ஆலோங், அதாவது உரிமமில்லாமல் கடன் கொடுப்பவர்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் உரிமம் பெற்றவர்களுக்கு அப்படி விளம்பரம் செய்ய அனுமதியில்லை. உங்கள் அடையாள அட்டையையோ வேலை அனுமதி அட்டையையோ தம்மிடம் வைத்துக்கொள்ளவும் அவர்களுக்கு அனுமதியில்லை. அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் கணக்கின் கடவுச்சொல்லை யாருக்கும் தரக் கூடாது. பண்டிகை நெருங்கும்போது வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகளில் இருக்கும் நம் தம்பிமார்களுக்கு இத்தகைய செய்திகள் வருகின்றன. வாங்கிய கடனுக்கு ஈடாக வங்கிக் கணக்கையோ ஏ.டி.எம். அட்டையையோ ஆலோங்கிடம் ஒப்படைப்பவர் கடனாளி என்ற நிலையிலிருந்து குற்றவாளி என்ற நிலைக்குப் போய்விடுகிறார். மிரட்டல் தொடங்கிவிட்டால் 999 என்ற எண்ணில் காவல்துறையையோ, 1800-924-5664 என்ற ஆலோங் எதிர்ப்பு நேரடித் தொலைபேசி எண்ணையோ அழைக்க வேண்டும்.

அட்டைக் கடனும் தனிநபர்க் கடனும் சேர்ந்து மாத வருமானத்தைப் போல் பன்னிரண்டு மடங்கைத் தாண்டிவிட்டால், சொந்த முயற்சியில் மட்டும் மீள்வது மிகக் கடினம். 2017இல் தொடங்கிய கடன் ஒருங்கிணைப்புத் திட்டம் அத்தகைய குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. பல வங்கிகளின் கடன்களை ஒரே வங்கியில் குறைந்த வட்டிக்குச் சேர்த்துக் கட்டலாம். அதற்கு வருமான, சொத்து வரம்புகள் உண்டு. பொருந்தாதவர்கள் கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் என்ற அறநிறுவனத்தை நாடலாம். அவர்களுடைய கடன் நிர்வாகத் திட்டத்தில் வங்கிகளோடு பேசி வட்டியைக் குறைத்து, மாதத் தவணையை முடிவுசெய்ய உதவுகிறார்கள். அந்தக் காலத்தில் அட்டைகளைப் பயன்படுத்த முடியாது. அதுவே பலருக்கு நிம்மதியாக இருக்கிறது. அன்றாடச் செலவுக்கே வழியில்லாத நிலை என்றால், அரசாங்கத்தின் சமூக சேவை அலுவலகத்திலும் இந்தியர்களுக்கான சுய உதவி அமைப்பான சிண்டாவிலும் உதவி கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

ஆலோசனைக்கு வரும்போது கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளையும் எல்லா வங்கிகளின் கணக்கு அறிக்கைகளையும் கொண்டுவாருங்கள். முடிந்தால் கணவன் மனைவி இருவரும் வாருங்கள். வெட்கத்தால் ஒரு கடனை மட்டும் மறைத்துவிட்டு மற்றவற்றுக்குத் திட்டம் போட்டால், மறைத்த கடன் மூன்றாம் மாதத்திலேயே அந்தத் திட்டத்தைக் கலைத்துவிடும். நண்பரிடம் கைமாற்றாக வாங்கிய 500 வெள்ளியையும் அந்தத் தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். பிப்ரவரி வரை காத்திருக்கவும் வேண்டாம். நவம்பர் பில்லை முழுமையாகக் கட்ட முடியாது என்று தெரிந்த அன்றே வந்தால், பெரும்பாலும் ஊர்ப் பயணத்துக்கான விமானச் சீட்டை இன்னும் எடுத்திருக்க மாட்டீர்கள். பேசித் தீர்க்க வேண்டிய தொகையும் தீபாவளிச் செலவோடு நின்றிருக்கும்.